ரஷ்யப் பெயர்கள்: எங்கிருந்து வந்தன, யாரை எப்படி அழைப்பது

கூர்ஸ்க், கசான், வோல்காகிராத் போன்ற நகரங்களுக்கு மருத்துவம் படிக்கவும், மாஸ்கோவுக்கு வேலைக்கும் புதிதாக வரும் தமிழர்கள் குளிருக்கும் மொழிக்கும் ஓரளவு தயாராகவே வருகிறார்கள். மனிதர்களை எப்படி அழைப்பது என்பதில்தான் முதல் சில மாதங்கள் பலரும் திணறுகிறார்கள். வயதிலோ பதவியிலோ மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று வளர்க்கப்பட்ட நாம், 'சார்', 'மேடம்' என்று சொல்லியோ, எதுவுமே சொல்லாமல் தொண்டையைச் செருமியோ பேச்சைத் தொடங்குகிறோம். இங்கே முறை நேர்மாறானது. பேராசிரியர், மருத்துவர், மேலாளர், பக்கத்து வீட்டுப் பெரியவர் என எவரையும் அவருடைய பெயரோடு அவருடைய தந்தையின் பெயரையும் சேர்த்து உச்சரிப்பதே மரியாதை. ஆங்கில வழியில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் 'சார்' என்பதற்குப் பழகியிருக்கக்கூடும். ஆனால் மருத்துவமனை வார்டிலும், விடுதிப் பொறுப்பாளரின் அறையிலும், டீன் அலுவலகத்திலும் அது செல்லாது. ஆகவே முதல் வாரத்திலேயே ஒவ்வோர் ஆசிரியரின் இரண்டு பெயர்களையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

ரஷ்யரின் முழுப்பெயர் மூன்று பகுதிகளைக் கொண்டது: இடுபெயர், 'ஓட்செஸ்த்வொ' எனப்படும் தந்தைவழிப் பெயர், குடும்பப் பெயர். விண்வெளிக்கு முதலில் சென்ற யூரி அலெக்சேயெவிச் ககாரின் என்பவரின் தந்தை பெயர் அலெக்சேய். முதல் பெண் விண்வெளி வீரர் வலென்தினா விளாதிமிரோவ்னா தெரெஷ்கோவாவின் தந்தை பெயர் விளாதிமிர். தந்தையின் பெயரோடு ஆணுக்கு 'ஓவிச்' அல்லது 'எவிச்', பெண்ணுக்கு 'ஓவ்னா' அல்லது 'எவ்னா' சேரும். இல்யா போன்ற சில பெயர்கள் மட்டும் இல்யிச், இல்யினிச்னா என்று சற்றே வேறுபடும். நமது தலைப்பெழுத்தும் தந்தையின் பெயர்தான் என்பதால் இந்த முறை தமிழருக்கு அந்நியமானதல்ல. நாம் ஒற்றை எழுத்தாக எழுதி நிறுத்திக்கொள்வதை அவர்கள் நாள்தோறும் வாயால் சொல்கிறார்கள், அவ்வளவே. 18ஆம் நூற்றாண்டில் 'விச்' என்று முடியும் முழு வடிவம் உயர் பதவியில் இருந்தவர்களுக்கே உரியதாக இருந்தது. இன்று அது குடிமக்கள் எல்லோருக்கும் பொதுவானது.

எழுத்தில் நீளமாகத் தெரியும் இந்தப் பெயர்கள் பேச்சில் அப்படியே ஒலிப்பதில்லை. அலெக்சாந்தர் அலெக்சாந்த்ரொவிச் என்பவர் 'சான் சானிச்' ஆகிவிடுவார். பாவெல் பாவ்லொவிச் 'பால் பாலிச்' ஆவார். தொழிற்கூடங்களிலும் கிராமங்களிலும் நடுத்தர வயதினரை வெறும் 'பெத்ரோவிச்', 'மிகாலிச்' என்று தந்தைவழிப் பெயரால் மட்டுமே அழைப்பதைக் கேட்பீர்கள். அது நீண்ட நாள் பழகியவர்களுக்கிடையே நிலவும் உரிமை. புதிதாக வந்தவர் அதைக் கையில் எடுக்க வேண்டாம். இளையவர்கள் நிறைந்த கணினி நிறுவனங்களில் தந்தைவழிப் பெயர் இப்போது அருகி வருகிறது; அங்கே இடுபெயரும் 'நீங்கள்' என்ற பன்மையும் போதும். எந்த இடத்தில் எது வழக்கம் என்று தெரியாதபோது, அவர் தம்மை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்கிறாரோ அதே வடிவத்தைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது.

சில வாரங்கள் கழிந்ததும் இன்னொன்று உறைக்கும்: ஒரே வகுப்பில் பல அனஸ்தாசியாக்கள், ஒரே அலுவலகத்தில் பல செர்கேய்கள். நம்மைப் போல் புதிது புதிதாகப் பெயர் ஆக்கிச் சூட்டும் பழக்கம் இங்கே குறைவு. பெயர்களின் கையிருப்பே சிறியது. அதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. 988இல் கீவ் நகரத்து இளவரசர் விளாதிமிர், கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியத்தின் கிறித்தவத்தை ஏற்றபின், ஞானஸ்நானத்தில் புனிதர் ஒருவரின் பெயரையே சூட்ட வேண்டும் என்ற முறை படிப்படியாக நிலைபெற்றது. திருச்சபை நாட்காட்டியில் இல்லாத பழைய ஸ்லாவியப் பெயர்கள் வழக்கிழந்தன. முதல் சில நூற்றாண்டுகளில் ஒருவருக்கே இரண்டு பெயர்கள் இருந்தன: அதே விளாதிமிரின் ஞானஸ்நானப் பெயர் வசீலி, அவருடைய பாட்டி ஓல்காவுக்கு எலேனா, 1015இல் கொல்லப்பட்ட அவருடைய மகன்கள் போரிஸ், கிளெப் ஆகியோருக்கு முறையே ரோமான், தாவீது. இவர்கள் புனிதர்களாக அறிவிக்கப்பட்டதால்தான் விளாதிமிர், ஓல்கா, போரிஸ், கிளெப் என்ற பெயர்களும் நாட்காட்டிக்குள் நுழைந்து இன்றுவரை வாழ்கின்றன. சொந்த மண்ணின் பெயர், அதைத் தாங்கியவர் புனிதரான பிறகே திருச்சபையின் அனுமதியைப் பெற்றது என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி.

அவ்வாறு எஞ்சிய ஸ்லாவியப் பெயர்களை இனங்காண்பது எளிது. புகழைக் குறிக்கும் 'ஸ்லாவ்' என்ற ஈறு யாரொஸ்லாவ், ஸ்வியதஸ்லாவ், வியச்செஸ்லாவ் ஆகியவற்றில் இருக்கிறது. இவர்கள் எல்லோருக்குமே செல்லப்பெயர் 'ஸ்லாவா' என்பதால், பெயர்ப்பட்டியலைப் பார்க்காமல் முழுப்பெயரை ஊகிக்க வேண்டாம். ஒலெக், ஓல்கா, ஈகோர் ஆகியவை ஸ்லாவியம் போல ஒலித்தாலும், வடக்கிலிருந்து வந்து ஆட்சி செய்த ஸ்காண்டிநேவியர்களின் ஹெல்கி, ஹெல்கா, இங்வார் என்ற பெயர்களின் திரிபுகள்.

மற்றபடி உங்களைச் சுற்றியுள்ள பெயர்களில் பெரும்பாலானவை பைசாந்தியம் வழியாக வந்த கிரேக்க, லத்தீன், எபிரேயப் பெயர்கள். அலெக்சாந்தர், அந்த்ரேய், நிக்கொலாய், யெவ்கேனி, அனஸ்தாசியா ஆகியவை கிரேக்கம். செர்கேய், விக்தர், மக்சீம், மரீனா, நத்தாலியா ஆகியவை லத்தீன். இவான், மிகயீல், தனியீல், மரீயா, அன்னா ஆகியவை எபிரேயம். நம் ஊர்க் கிறித்தவக் குடும்பங்களில் யோவான் என்றும் ஜான் என்றும் வழங்குவதே இங்கே இவான். உழவர் என்று பொருள்படும் கிரேக்கப் பெயரான கியோர்கி, ரஷ்ய நாவில் யூரி என்றும் யெகோர் என்றும் பிரிந்து, இன்று மூன்றும் தனித்தனிப் பெயர்களாகவே பதிவாகின்றன. ஆகவே யூரி என்பவரைக் கியோர்கி என்று அழைக்கலாகாது.

கடன் வாங்கிய பெயர்களை மொழிபெயர்த்த இடமும் ஒன்று உண்டு. கிரேக்கத்தில் பிஸ்திஸ், எல்பிஸ், அகாபே என்றிருந்த மூன்று சகோதரிகள், ஸ்லாவிய மொழியில் வேரா, நதெஷ்தா, லியுபோவ் ஆனார்கள்: நம்பிக்கை, எதிர்பார்ப்பு, அன்பு. அவர்களுடைய தாய் சோஃபியாவின் பெயர் மட்டும் மொழிபெயர்க்கப்படவில்லை. பவுலைச் சின்னப்பர் என்றும் யோவானை அருளப்பர் என்றும் தமிழ்க் கத்தோலிக்கர் ஆக்கிக்கொண்டதும் இதே வேலைதான். இந்த நால்வரின் திருநாள் செப்டம்பர் 30; அன்று உங்கள் அலுவலகத்தில் வேராவோ நதெஷ்தாவோ இருந்தால் வாழ்த்துச் சொல்லலாம். மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டிய இன்னொரு நாள் ஜனவரி 25. அது புனித தத்தியானாவின் நாள். 1755இல் பேரரசி எலிசவேத்தா மாஸ்கோ பல்கலைக்கழகத்தை நிறுவும் ஆணையில் அந்நாளில் கையெழுத்திட்டதால், அது இன்று நாடு முழுவதும் மாணவர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

நாட்காட்டியில் இடம்பெறாத பெயர்களும் இலக்கியத்தின் வழியாக நுழைந்தன. ஸ்வெத்லானா மிகப் பழைய ஸ்லாவியப் பெயர் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவிஞர்கள் ஆக்கிய பெயர் அது. 1813இல் வெளியான ஷுகோவ்ஸ்கியின் கதைப்பாடலே அதைப் பரப்பியது. சோவியத் காலத்தின் தொடக்கத்தில் ஞானஸ்நானத்துக்குப் பதிலாக 'அக்தியாப்ரினி' என்ற விழா நடத்திப் புரட்சிப் பெயர்கள் சூட்டினார்கள். விளாதிமிர் லெனினைச் சுருக்கி விளாத்லென், மார்க்சையும் லெனினையும் இணைத்து மார்லென், லெனினைத் தலைகீழாக்கி நினெல், அக்டோபர் புரட்சியை நினைத்து அக்தியாப்ரினா. இவற்றை இன்று பெரும்பாலும் முதியவர்களிடமும், அவர்களுடைய பிள்ளைகளின் தந்தைவழிப் பெயரிலும்தான் காண முடியும்.

இந்த இடத்தில் லெனின், ஸ்டாலின் என்ற பெயருடைய தமிழர்களுக்கு ஒரு சொல். நம்மூரில் இவை இடுபெயர்களாகவே நிலைத்துவிட்டன. 1953 மார்ச் 1 அன்று பிறந்த மு.க. ஸ்டாலினுக்கு, மார்ச் 5 அன்று மறைந்த சோவியத் தலைவரின் பெயரை மு. கருணாநிதி சூட்டியதை அறியாதவர் இல்லை. ரஷ்யாவிலோ இவ்விரண்டும் விளாதிமிர் உல்யானொவும் யோசிஃப் ஜுகாஷ்விலியும் தமக்கு வைத்துக்கொண்ட புனைபெயர்கள். குடும்பப் பெயரின் இடத்தில் நிற்பவை. எனவே 'என் பெயர் லெனின்' என்று சொன்னால், 'அது குடும்பப் பெயர், உன் பெயர் என்ன?' என்ற கேள்வி வரும். ஸ்டாலின் என்றால் சிரிப்பவரும் உண்டு, முகம் இறுகுபவரும் உண்டு. அவருடைய ஆட்சியில் உறவினரை இழந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். தமிழ்நாட்டில் இப்படிப் பெயர் வைப்பது வழக்கம், தந்தை வைத்தது என்று இரண்டு வாக்கியங்களில் விளக்கினால் போதும். அரசியல் விவாதத்தில் இறங்க வேண்டாம்.

இனிச் செல்லப்பெயர்கள். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் வெளியிட்ட தமிழ் மொழிபெயர்ப்புகளைப் படித்தவர்கள், ஒரே பாத்திரம் பக்கத்துக்குப் பக்கம் வேறு பெயரில் தோன்றுவதைக் கண்டு குழம்பியிருப்பார்கள். மரீயா மாஷா ஆவாள், தார்யா தாஷா ஆவாள், திமீத்ரி தீமா ஆவான், விளாதிமிர் வலோதியாவோ வோவாவோ ஆவான். 'விளாத்' என்பது பொதுவாக விளாதிஸ்லாவுக்கு உரியது. விளாதிமிரை அப்படி அழைத்தால் திருத்துவார்கள். சாஷா அலெக்சாந்தராகவும் இருக்கலாம், அலெக்சாந்த்ராவாகவும் இருக்கலாம். ஷேன்யாவும் வால்யாவும் அவ்வாறே இருபாலுக்கும் பொது. ஆகாரத்தில் முடிந்தால் பெண் என்று நம் காது முடிவு செய்துவிடுகிறது. ஆனால் நிகிதா, இல்யா, லுகா, குஸ்மா ஆகியவை ஆண்களின் முழுப்பெயர்கள். மீஷாவும் கோல்யாவும் ஆண்களின் செல்லப்பெயர்கள். அறைத்தோழர் நிகிதா என்று பட்டியலில் பார்த்துவிட்டு விடுதி அலுவலகத்துக்கு ஓட வேண்டியதில்லை.

'நீ' என்ற அளவுக்கு நெருங்கியவரிடமே செல்லப்பெயர் பொருந்தும். அதிலும் 'க்கா' சேர்த்து மாஷ்கா, சாஷ்கா என்றால் அது மிக நெருங்கிய நட்பாகவோ இழிவாகவோ தொனிக்கும். மொழி நன்கு கைவரும்வரை அதைத் தொடாதீர்கள். நண்பர்கள் கூப்பிடும்போது 'சாஷ்!', 'மாஷ்!' என்று கடைசி உயிரை வெட்டுவார்கள். நாம் விளிக்கும்போது நீட்டுகிறோம், அவர்கள் குறுக்குகிறார்கள்.

கசானுக்குச் செல்பவர்கள் தாத்தாரியப் பெயர்களைச் சந்திப்பார்கள்: ருஸ்தம், இல்தார், ஐகுல். அரபி, பாரசீக, துருக்கிய மூலமுடைய இப்பெயர்களோடும் ருஸ்தமொவிச், இல்தாரொவ்னா என்று அதே ஈறுகள் சேர்கின்றன. பௌத்தர்களான புரியாத்தியர், கல்மிக்கியர் பெயர்களில் நமக்கு அறிமுகமான ஒலியின் தேய்ந்த வடிவம்கூடக் கிடைக்கும்: எர்தெனி என்பது 'ரத்ன' என்ற வடசொல் மங்கோலியம் வழியாக வந்த உருவம், ஒச்சிர் என்பது 'வஜ்ர'. ரத்தினம் என்ற பெயருடைய நம்மவருக்கு புரியாத்தியரின் தலைநகரான உலான்-உதேயில் பெயரொத்தவர் ஒருவர் கிடைக்க வாய்ப்புண்டு.

கடைசியாக, உங்கள் சொந்தப் பெயர். தந்தையின் பெயர் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தில் இருந்தால், வகுப்பில் வருகைப் பதிவின்போது உங்கள் தந்தையின் பெயரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள், எழுந்து நில்லுங்கள். படிவங்களில் தந்தைவழிப் பெயருக்கான கட்டத்தில் 'இருந்தால் மட்டும்' என்ற குறிப்பு இருக்கும்; கடவுச்சீட்டில் இல்லாததை அங்கே புதிதாகச் சேர்க்காதீர்கள். கடவுச்சீட்டின் ரஷ்ய மொழிபெயர்ப்பை நோட்டரியிடம் செய்யும்போது, விசாவில் உள்ள ரஷ்ய எழுத்துக்கூட்டலே அதிலும் இருக்கிறதா என்று ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். நம் ழகரத்தை ஆங்கிலத்தில் எழுதும் இரண்டெழுத்துக் கூட்டு, ரஷ்யத்தில் 'ஷ' போன்று அதிர்ந்தொலிக்கும் ஒற்றை எழுத்தாக மாற்றப்படுவது வழக்கம். யாழினியும் எழிலும் அடையாளம் தெரியாமல் போவார்கள். ஓரிடத்தில் ஒரு விதமாகவும் மற்றோரிடத்தில் வேறு விதமாகவும் இருந்துவிட்டால், வங்கிக் கணக்கு முதல் பட்டச் சான்றிதழ் வரை சிக்கல் நீளும்.

பேச்சில் உங்கள் பெயரும் வேற்றுமை ஏற்கும். குமார் என்பவரைக் குறித்து யாரேனும் 'குமாரா' என்றால், அது நம் விளி அல்ல, இரண்டாம் வேற்றுமை. உங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கவிதா, கவிதி, கவிது என்று மாறுவாள். மெய்யில் முடியும் பெண் பெயரான மலர் எங்கும் மாறாது. துரை என்பது முட்டாள் என்ற சொல்லையும், ஹரி என்பது அவலட்சணமான முகத்தைக் குறிக்கும் கொச்சைச் சொல்லையும் நினைவூட்டும். சுகன்யா, சுகுமார் ஆகியவற்றின் முதல் இரண்டு அசைகள் இங்கே கெட்ட வார்த்தை. இதற்காக யாரும் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. வேறொரு சுருக்கத்தை நீங்களே முன்வந்து சொல்லிவிட்டால், வகுப்பு அதையே பிடித்துக்கொள்ளும். இங்கே குழந்தை பிறந்து பதிவு செய்பவர்கள், குடும்பச் சட்டத்தின் 58ஆவது பிரிவின்படி பெயரைப் பெற்றோர் இருவரும் சேர்ந்து முடிவு செய்யலாம் என்பதையும், எண்களோ குறியீடுகளோ பெயரில் இடம்பெறக் கூடாது என்று 2017இல் திருத்தம் வந்திருப்பதையும் அறிந்துகொள்ளுங்கள். தந்தைவழிப் பெயர் வேண்டாம் என்றால், எங்கள் மரபில் அது இல்லை என்பதைப் பதிவின்போதே சொல்லிவிடுங்கள். வேண்டும் என்றால், முருகனின் மகள் முருகனொவ்னா என்று சான்றிதழில் அழகாகவே வருவாள்.