16 வாரக் கர்ப்பம், பயாப்ஸியில் சி.ஐ.என் 3: பிரசவம் வரை சும்மா இருக்கலாமா?

நிலாமுற்றம்:
முதல் செக்கப்பில் கருப்பை வாயிலிருந்து செல் எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் செய்தார்கள். அதில் ஏதோ சரியில்லை என்று கால்போஸ்கோபி (கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்ப்பது), அப்புறம் பயாப்ஸி (சின்னத் துண்டு எடுத்துச் சோதிப்பது). ரிப்போர்ட்டில் சி.ஐ.என் 3, அதாவது கருப்பை வாய்ச் செல்களில் கடுமையான மாற்றம். அதற்குக் காரணமான ஹெச்.பி.வி வைரஸில் 16ஆம் வகையும் பாசிட்டிவ். டாக்டரோ அலட்டிக்கொள்ளாமல் "இப்போ ஒன்றும் வேண்டாம், குழந்தை பிறக்கட்டும்" என்கிறார். புற்றுநோய்க்கு முந்தின நிலை என்று அவரே சொல்லிவிட்டு ஐந்தாறு மாதம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொன்னால் எப்படி? ராத்திரி தூக்கமே இல்லை. இன்னொன்று, கர்ப்பம் என்று தெரியாமல் ஹெச்.பி.வி தடுப்பூசி முதல் டோஸ் போட்டுக்கொண்டேன். அதனால் குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?

கல்வாழை:
எனக்கும் இதேதான், 22வது வாரத்தில். வினிகர் வாடையடிக்கும் தண்ணீரைப் பஞ்சில் தொட்டு வைத்தார்கள், கொஞ்ச நேரத்தில் கருப்பை வாயில் ஓர் இடம் மட்டும் வெள்ளையாக வெளுத்ததை எனக்கே ஸ்க்ரீனில் காட்டினார்கள். பயாப்ஸி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்க ஒரு மருந்து பூசினார்கள், ரெண்டு நாள் கரிப்பொடி மாதிரி வந்தது, யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் அலறிவிட்டேன். 34வது வாரத்தில் மறுபடி பார்த்தார்கள், மாற்றமில்லை. பிரசவம் ஆகி எட்டாவது வாரம் லூப், அதாவது மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் அந்த இடத்தை வெட்டி எடுத்தார்கள். கால் மணி நேர வேலை.

தென்றல்77:
எதற்கும் சிசேரியன் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வைரஸ் குழந்தைக்குப் போகாது.

மருந்துச்சீட்டு:
தென்றல், ஹெச்.பி.வி இருக்கிறது என்பதற்காக மட்டும் சிசேரியன் செய்யச் சொல்வதில்லை. அபூர்வமாகக் குழந்தையின் தொண்டையில் மரு வளர்வது உண்டு, ஆனால் அது 6, 11 வகை வைரஸால், 16ஆல் இல்லை.

நிலா, நான் மகப்பேறு வார்டில் வேலை பார்க்கிறவள். கர்ப்பத்தில் கருப்பை வாயில் ரத்த ஓட்டம் ரொம்ப அதிகம். அங்கே ஆழமாக வெட்டினால் ரத்தப்போக்கு, கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம் என்று வரிசையாக ஆபத்து. சி.ஐ.என் 3 புற்றாக மாறுவதோ வருடக்கணக்கில். இது எப்படித் தெரியும் என்பதே ஒரு கசப்பான கதை. 1966இலிருந்து நியூசிலாந்தில், ஆக்லாந்தின் ஒரு மருத்துவமனையில், இந்த நிலையில் இருந்த பல பெண்களுக்கு அவர்களுக்கே தெரியாமல் முழுச் சிகிச்சை கொடுக்காமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். விஷயம் வெளியே வந்து, 1988இல் விசாரணை அறிக்கையே வந்தது. பின்னால் கணக்குப் பார்த்தால், சிகிச்சை சரியாகக் கிடைக்காதவர்களில் 30 வருடத்தில் சுமார் 31 சதவீதம் பேருக்குப் புற்று, முழுச் சிகிச்சை பெற்றவர்களில் 1 சதவீதத்துக்கும் கீழே. அந்த அநியாயம் சொல்லிக்கொடுத்தது இதுதான்: ஆறு மாதத்தில் குடி முழுகாது, ஆனால் அடியோடு மறந்துவிட்டால் முழுகும்.

அதனால் சும்மா இருப்பதில்லை. 12 முதல் 24 வாரத்துக்கு ஒருமுறை கால்போஸ்கோபி உண்டா என்று கேளுங்கள். நடுவில் ரத்தம் பட்டால் கர்ப்பத்தில் சகஜம் என்று விடாமல் காட்டுங்கள். ஊடுருவிய புற்று என்று சந்தேகம் வந்தால் கதையே வேறு, அப்போது வாரத்தையும் நிலையையும் பார்த்து முடிவெடுப்பார்கள், மூன்று மாதம் தாண்டினால் சில கீமோ மருந்துகள்கூடக் கொடுப்பதுண்டு.

தடுப்பூசியைப் பற்றிக் கவலை வேண்டாம். அதில் உயிருள்ள வைரஸ் கிடையாது, வெறும் புரத ஓடுதான். தெரியாமல் போட்டுக்கொண்டவர்களைக் கவனித்ததில் கருவுக்குக் கெடுதல் தெரியவில்லை. மீதி டோஸ் பிரசவத்துக்கு அப்புறம். ஆனால் ஏற்கெனவே உள்ள தொற்றை அது விரட்டாது.

கல்வாழை:
மறப்பது பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. கைக்குழந்தையோடு நான் முதல் தேதியைத் தவறவிட்டேன், ஆஸ்பத்திரியிலிருந்தும் ஒரு போன்கூட இல்லை.

நிலாமுற்றம்:
சரி அக்கா. இன்று போய்க் கேட்டேன், 28வது வாரத்தில் கால்போஸ்கோபி. பிரசவத்துக்கு அப்புறம் வரவேண்டிய தேதியையும் இப்போதே எழுதிக்கொடுங்கள் என்றதும் டாக்டர் சிரித்துவிட்டார், ஆனாலும் எழுதிக்கொடுத்தார். வீட்டுக்காரர் போனிலும் அலாரம் வைத்தாயிற்று.