நரிக்கு எடுத்த ரைஃபிள்: சான்றிதழ் நிபந்தனையை வாசிப்பது எப்படி?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி ஒன்று: "முயலுக்கென்று .22 வாங்கினேன். இப்போது கோழிக்கூண்டுப் பக்கம் நரி வருகிறது. அதே துப்பாக்கியால் சுடலாமா?" விடை காவல்துறை தரும் துப்பாக்கிச் சான்றிதழில் இருக்கிறது, அதுவும் அந்த .22-க்கென்று அச்சாகியிருக்கும் நிபந்தனை வரியில். நண்பருடைய சான்றிதழைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. உங்களுடையதிலேயே இன்னொரு ரைஃபிளுக்கு உள்ள வரியை வைத்தும் சொல்ல முடியாது.

1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டப்படி ஒவ்வொரு ரைஃபிளுக்கும் தனித்தனியாகத் தகுந்த காரணம் காட்ட வேண்டும். அந்தக் காரணத்தைத்தான் காவல்துறை நிபந்தனையாக எழுதுகிறது. உள்துறை அமைச்சகத்தின் வழிகாட்டியில் இதற்கு மாதிரி வாசகம் உண்டு. அதன் சாரம் இது: இன்ன காலிபர் (குழலின் உள்விட்டம், அங்குலத்தில்) ரைஃபிளையும் தோட்டாவையும், நரி உள்ளிட்ட வெர்மின் (தொல்லை தரும் விலங்குகள்), தரை வேட்டை விலங்கு, மான், சட்டம் அனுமதிக்கும் வேறெந்த இலக்கு ஆகியவற்றைச் சுடவும், குறி சரிபார்க்கவும் பயன்படுத்தலாம். இந்தப் பட்டியலில் உங்களுக்குப் பொருந்தாததை அடித்துவிட்டு மீதியைத் தருவார்கள். எதை அடித்தார்கள் என்பதுதான் விஷயமே.

'வெர்மின்' என்ற சொல்லுக்கு அந்தச் சட்டத்தில் விளக்கம் கிடையாது. பேச்சு வழக்கில் எலி, சாம்பல் அணில், மிங்க், காகம் எல்லாம் அதில் சேரும். 'தரை வேட்டை விலங்கு' என்றால் முயலும் குழிமுயலும்; அதற்கு 1880-இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. நரியைக் காவல்துறை பெரும்பாலும் பெயர் சொல்லித் தனியாக எழுதும். (நம்மூரில் நரி என்றாலே குள்ளநரி. இங்கே பேசுவது செந்நரி.) 'வெர்மின், தரை வேட்டை விலங்கு' என்று மட்டும் இருந்தால் நரியும் வெர்மின்தானே என்று வாதாடலாம்தான். ஆனால் அந்த வாதத்தை நீதிமன்றத்தில் முதன்முதலாக வைக்கிறவர் நீங்களாக இருக்க வேண்டாம். நிபந்தனையை மீறுவதே தனிக் குற்றம், ஆறு மாதம் வரை சிறை உண்டு. சிறைக்குப் போகாவிட்டாலும் சான்றிதழ் போய்விடும்.

'சட்டம் அனுமதிக்கும் வேறெந்த இலக்கும்' என்ற தொடர் இருந்தால் கவலையில்லை. மானுக்கென்று கொடுத்த .243-ஆல் நரியைச் சுடலாம். நரிக்குக் கொடுத்த ரைஃபிளால் முயலையும் சுடலாம்.

* * *

ஒரு திருத்தம். அந்தத் தொடர் நிபந்தனையைத்தான் தளர்த்தும், மற்ற சட்டங்களைத் தளர்த்தாது. நரிக்கு எடுத்த .223-இல் அந்த வரி இருக்கிறது என்பதற்காக ரோ மானைச் சுட்டால் குற்றம்தான். 1991-ஆம் ஆண்டு மான் சட்டப்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குறைந்தபட்சம் .240 காலிபரும் 1,700 அடி-பவுண்டு ஆற்றலும் வேண்டும். மன்ட்ஜாக், சீன நீர்மான் ஆகிய சிறு மான்கள் இரண்டுக்கு மட்டும் .220 காலிபர், 1,000 அடி-பவுண்டு, 50 கிரெய்ன் எடையுள்ள குண்டு போதும். அதனால் .223 அந்த இரண்டோடு நிற்கும். ஸ்காட்லாந்தில் அளவுகள் வேறு.

.22 ரிம்ஃபயர் விஷயத்துக்கு வருவோம். 40 கிரெய்ன் சப்சானிக் (ஒலியைவிட மெதுவாகப் போகும்) தோட்டா குழலை விட்டு வெளியேறும்போது ஆற்றல் ஏறத்தாழ 100 அடி-பவுண்டு. .17 ஹெச்எம்ஆர் என்ற சின்னத் தோட்டாவுக்கு 245. .22 ஹார்னெட் 700-ஐ ஒட்டி வரும். .223-இல் 55 கிரெய்ன் போட்டால் ஏறத்தாழ 1,250. நரிக்கு .22 ரிம்ஃபயர் பொதுவாகப் போதாது என்றே அமைச்சக வழிகாட்டியும் சொல்கிறது. பண்ணைக் கட்டடங்களைச் சுற்றி, கிட்டத்தில், அனுபவமுள்ளவர் சுடுவதற்கு மட்டும் இடம் விடுகிறது. கேட்கும்போது அந்தச் சூழலைச் சொல்லிக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஹெச்எம்ஆரின் 17 கிரெய்ன் குண்டு வேகமாகப் போனாலும் தோள் எலும்பில் பட்டதும் மேலோட்டமாகச் சிதறிவிடும். காயத்தோடு ஓடிய நரி புதரில் கிடந்து சாவதற்கு இரண்டு நாள்கூட ஆகலாம்.

இன்னொரு ஆபத்தும் இந்தச் சின்னத் தோட்டாவில்தான். சப்சானிக் .22 ஈரப் புல்லிலும் உறைந்த மண்ணிலும் சிக்கிமுக்கிக் கல்லிலும் பட்டு எகிறும். .223 அதே இடத்தில் பெரும்பாலும் உடைந்து நொறுங்கிவிடும். .22-ஐப் 'பாதுகாப்பான காலிபர்' என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

* * *

நிலம் பற்றி இதுவரை சொல்லவில்லையே. நிபந்தனையின் பின்பாதி அதுதான்.

புதிதாக வாங்குபவருக்குப் பெரும்பாலும் 'மூடிய' சான்றிதழ் வரும்: அந்த நிலம் இருக்கும் பகுதியின் காவல்துறைத் தலைமை அதிகாரி ஏற்புடையது என்று கருதிய நிலத்தில் மட்டுமே சுடலாம். 'நிலம் இருக்கும் பகுதி' என்பதைக் கவனியுங்கள். நீங்கள் ஒரு மாவட்டத்தில் குடியிருந்து, பண்ணை அடுத்த மாவட்டத்தில் இருந்தால் அந்த மாவட்டக் காவல்துறைதான் பார்க்கும். 'திறந்த' சான்றிதழில் அந்த வாசகம் இருக்காது. சுட உங்களுக்கு உரிமையுள்ள எந்த நிலமானாலும் சரி. நிலம் தகுதியானதா என்ற பொறுப்பு மட்டும் முழுக்க உங்கள் தலையில் வந்து விழும்.

புது நிலம் கிடைத்தால் முகவரி, வரைபடக் கட்ட எண், உரிமையாளர் பெயர், என்ன காலிபர் என்று எழுதி உரிமப் பிரிவுக்கு அனுப்புங்கள். ஏற்கெனவே இன்னொருவருக்காகப் பார்த்த நிலமென்றால் பதிவேட்டைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஆனால் .22-க்குப் பார்த்த நிலம் .243-க்கும் சேர்த்துப் பார்த்ததாகாது. புதிதாகப் பார்ப்பதென்றால் அதிகாரி வரைபடத்தோடு வந்து வாசலிலிருந்து வயலைச் சுற்றுவார். எந்தப் பக்கம் நடைபாதை, எங்கே வீடு, குண்டு தவறினால் எந்த மண்ணில் புதையும் என்பதுதான் அவர் கண். கிழக்கு இங்கிலாந்தில் மேடுபள்ளமே இல்லாத ஃபென்ஸ் சமவெளியில் இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை கண்டுபிடிப்பது சிரமம். டிராக்டர் டிரெய்லரிலோ உயரமான இருக்கையிலோ ஏறிக் கீழ்நோக்கிச் சுடுவோம் என்று விளக்க வேண்டியிருக்கும்.

நிலம் தேறிவிட்டது என்பதால் ஒவ்வொரு சூடும் தேறிவிடாது. இரவில் விளக்கடிக்கும்போது வேலியோரம் இரண்டு கண்கள் மின்னும். அவற்றுக்குக் கீழே புல்லும் பின்னால் மண்மேடும் தெரிந்தால் பின்தடுப்பு உண்டு. கண்களைச் சுற்றி வெறும் இருட்டு என்றால் விலங்கு மேட்டு உச்சியில் நிற்கிறது. பின்னால் இருப்பது வானம். விரலை எடுத்துவிடுங்கள். நாய்க்கும் பூனைக்கும் ஆட்டுக்கும்கூடக் கண் மின்னும். உடல் முழுசாகத் தெரியும் வரை அது நரி இல்லை.

அனுமதிக் கடிதம் யாரிடம் வாங்குவது என்பதிலும் வழுக்கும். குத்தகை விவசாயி மனமுவந்து எழுதித் தருவார். வேட்டை உரிமையோ நில உரிமையாளரிடம் இருக்கலாம். முயல், குழிமுயலைப் பொறுத்தவரை 1880 சட்டம் பயிரிடுபவருக்கே உரிமை தருகிறது, அதை ஒப்பந்தம் போட்டும் பறிக்க முடியாது. நரிக்கு அந்தச் சலுகை இல்லை. குத்தகைப் பத்திரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

* * *

தோட்டா எண்ணிக்கையையும் பாருங்கள். ஒவ்வொரு காலிபருக்கும் இரண்டு எண்கள் இருக்கும்: ஒரே நேரத்தில் வைத்திருக்கக்கூடியது, ஒரு தடவையில் வாங்கக்கூடியது. இரண்டும் 200 என்றிருந்தால், கையில் 40 மீதமிருக்கும்போது இன்னும் 200 தோட்டா வாங்க முடியாது. அதனால் வைத்திருப்பதற்கான எண்ணைக் கூடுதலாகக் கேட்பது நல்லது, உதாரணமாக வாங்க 200, வைத்திருக்க 300. வீட்டில் ரீலோட் செய்பவர்கள் (தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்பவர்கள்) கோத்து முடித்த தோட்டாக்களையும் சேர்த்து எண்ண வேண்டும்.

* * *

இவ்வளவு தலைவலி வேண்டாமென்றால் ரவை சிதறும் ஷாட்கன். அந்தச் சான்றிதழில் இலக்கு விலங்கும் கிடையாது, நிலச் சோதனையும் கிடையாது. '12 போர்' என்ற குழல் அளவுள்ள ஷாட்கனில் பிபி அல்லது ஏஏஏ என்ற பெரிய ரவை போட்டு 30 கஜத்துக்குள் நரியைச் சுத்தமாக வீழ்த்தலாம். குழல் 24 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, மேகஸின் (தோட்டாக் கூடு) இரண்டு தோட்டாவுக்கு மேல் கொள்ளக்கூடாது. தோட்டாவில் குறைந்தது ஐந்து ரவை இருக்க வேண்டும், எதுவும் .36 அங்குல விட்டத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால், அல்லது ஒற்றைக் குண்டான ஸ்லக் என்றால், மறுபடி ரைஃபிள் சான்றிதழ்தான்.

* * *

விண்ணப்பம் எழுதும்போதே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கலாம். படிவம் 201-இல் காரணம் என்ற இடத்தில் 'பூச்சி-விலங்குக் கட்டுப்பாடு' என்று பொதுவாக எழுதினால் அவர்களும் பொதுவாகவே நிபந்தனை போடுவார்கள். நரி, வெர்மின், தரை வேட்டை விலங்கு, சட்டம் அனுமதிக்கும் வேறெந்த இலக்கு, குறி சரிபார்ப்பு என்று ஒவ்வொன்றாக, ஒவ்வொரு ரைஃபிளுக்கும் தனியாக எழுதுங்கள். குறி சரிபார்ப்பது வேறு, கிளப்பில் இலக்குப் பலகையில் சுடுவது வேறு. இரண்டாவது வேண்டுமென்றால் அதற்கும் காரணம் காட்ட வேண்டும்.

சான்றிதழ் தபாலில் வந்ததும் மையால் கையெழுத்துப் போட வேண்டும் என்பதே முதல் நிபந்தனை. அதற்கு முன் ரைஃபிள் ரைஃபிளாக வரிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். .223-க்கு வர வேண்டிய வாசகம் .22-க்கு வருவதும், நரி என்ற சொல்லே விடுபடுவதும் நடக்கிற தவறுகள்தான். அவர்கள் பக்கத் தவறென்றால் அன்றே அழைத்துச் சொல்லித் திருத்திய தாள் கேளுங்கள். அது கைக்கு வரும் வரை அந்த ரைஃபிள் அலமாரியிலேயே இருக்கட்டும், கோழிக்கூண்டுக்கு இரவில் வலுவான தாழ்ப்பாள் போட்டுவிட்டு.