கஞ்சா பத்தி ஜனங்க மனசு இவ்ளோ மாறினது ஏன்? லீகல் ஆக்குறது சரின்னு நினைக்கறீங்களா?

நூலேணி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மண்டைல ஓடிட்டு இருக்கற விஷயம், விவரம் தெரிஞ்சவங்க இருக்கற இடம்னு இங்க கேக்கறேன். அமெரிக்கால 1969ல கேலப் கருத்துக்கணிப்பு எடுத்தப்போ கஞ்சாவை லீகல் ஆக்கலாம்னு சொன்னவங்க வெறும் 12 சதவீதம். 2023ல அதையே கேட்டா 70 சதவீதம் பேர் ஆமாங்கறாங்க. அதே செடி, அதே புகை, எப்படி இப்படி தலைகீழா மாறும்? இடையில விஞ்ஞானிங்க "இதுல ஆபத்து இல்ல"ன்னு எதாவது கண்டுபிடிச்சாங்களா, இல்ல பாத்துப் பாத்து பழகிப்போச்சா?

என்னைச் சுத்தி இருக்கறவங்க ரெண்டே கட்சிதான். பெரியவங்க எல்லாம் ஒரு இழுப்பு இழுத்தாலே பைத்தியம்தான்னு சொல்றாங்க. என் தம்பி வயசுப் பசங்க அது வெறும் மூலிகை, சாராயத்தை விட எவ்வளவோ மேல், ஒருத்தனும் அதனால சாகலன்னு அடிச்சுப் பேசறாங்க. ரெண்டு பக்கமும் இவ்ளோ உறுதியா பேசறதப் பாத்தா எனக்கு ரெண்டு மேலயும் நம்பிக்கை வரல. லீகல் ஆக்கின நாடுகள்ல நிஜமா என்ன நடந்துச்சு? சும்மா "நல்லது" "கெட்டது"ன்னு ஒரு வார்த்தைல முடிக்காம கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க ப்ளீஸ்.

எண்ணும்_எழுத்தும்:

நல்ல கேள்வி நண்பா. முதல்ல ஒண்ணு, ஜனங்க மனசு மாறினதுக்குக் காரணம் "இது பாதுகாப்பானது"ன்னு யாரோ நிரூபிச்சது இல்ல. மருந்து வழியாத்தான் கதவு திறந்துச்சு. 1996ல கலிஃபோர்னியால ஓட்டெடுப்பு நடத்தி மருத்துவத் தேவைக்கு அனுமதிச்சாங்க, அதுக்கப்புறம் கேன்சர்ல வாந்தி தாங்க முடியாம கஷ்டப்படறவங்க, எய்ட்ஸ்ல உடம்பு இளைச்சுப் போனவங்க இவங்களையெல்லாம் டிவில பாத்த ஒரு தலைமுறைக்கு, கஞ்சான்னா ரவுடி கைல இருக்கற பொட்டலம்ங்கற பிம்பம் உடைஞ்சுபோச்சு. இன்னொண்ணு கைது. அங்க கறுப்பினத்தவங்களும் வெள்ளைக்காரங்களும் கஞ்சா எடுத்துக்கறது ஏறக்குறைய ஒரே அளவுதான், ஆனா அதுக்காகப் பிடிபடறது பாத்தீங்கன்னா கறுப்பினத்தவங்க மூணு மடங்குக்கும் மேல. கொஞ்சூண்டு வச்சிருந்ததுக்கு கேஸ் ஆகி, வேலை போயி, வாடகைக்கு வீடு கிடைக்காம போனவங்க கதை ஊரெல்லாம் தெரிஞ்சப்போ, கஞ்சா பிடிக்காதவங்க கூட இந்தத் தண்டனை அநியாயம்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. இதெல்லாம் 1972லயே அப்போதைய அமெரிக்க அதிபர் நிக்சன் போட்ட ஷேஃபர் கமிஷன் சொன்னதுதான், சொந்தமா வச்சிருக்கறத குற்றமா பாக்காதீங்கன்னு. அவரு கேக்கல.

ஆக அந்த 70 சதவீதத்துல பெரும்பங்கு "கஞ்சா நல்லது"ங்கற ஓட்டு இல்ல, "ஜெயில் வேண்டாம்"ங்கற ஓட்டுன்னுதான் நான் பாக்கறேன். நம்ம ஆளுங்க பண்ற பெரிய குழப்பமே இதான், கெடுதலாங்கறது ஒரு கேள்வி, குற்றமாங்கறது வேற கேள்வி, ரெண்டையும் போட்டுக் குழப்பி ஒருத்தரை ஒருத்தர் திட்டிட்டு இருக்கோம்.

எல்லா இடத்துலயும் மாறிடுச்சுன்னும் சொல்ல முடியாது. நியூசிலாந்துல 2020ல பொது வாக்கெடுப்பு வச்சாங்க, வேண்டாம்னு 50.7, வேணும்னு 48.4 சதவீதம். நூலிழைல தோத்துச்சு. உருகுவேல இதுக்கு நேரெதிர், 2013ல சட்டம் போட்டப்போ ஜனங்கள்ல பாதிக்கு மேல எதிர்ப்புதான், அரசாங்கமே முன்ன போயி செஞ்சது.

வார்டு_வெளிச்சம்:

நான் எமர்ஜென்சில நர்ஸா இருக்கேன், அதனால ஒரு பக்கத்தைத்தான் பாக்கறேன்னு வச்சுக்கங்க. எடுத்துக்கறவங்கள்ல பெரும்பாலானவங்க எங்ககிட்ட வர்றதே இல்ல, அது எனக்கும் தெரியும். ஆனா நூலேணி "அதே செடி, அதே புகை"ன்னு எழுதிருக்கீங்க பாருங்க, அங்கதான் தப்பு. அமெரிக்கால பறிமுதல் பண்ற சரக்கை டெஸ்ட் பண்ணதுல போதை ஏத்தற டி.எச்.சி. 1995ல சராசரியா 4 சதவீதம் இருந்துச்சு, 2014ல 12 சதவீதம். இப்ப விக்கற மெழுகு, எண்ணெய் மாதிரி செறிவுகள்ல 60, 70ன்னு போகுது. அந்தக் காலத்துல காலேஜ்ல இழுத்தவங்க "எனக்கு ஒண்ணும் ஆகல"ன்னு சொல்றது இன்னைக்கு 16 வயசுப் பையன் வேப்ல (மின்சிகரெட்ல) இழுக்கறதுக்குப் பொருந்தவே பொருந்தாது.

நான் கண்ணால பாக்கறதுல ஒண்ணு சொல்றேன். பல வருஷமா தினமும் எடுத்துக்கறவங்க சிலருக்கு விடாம வாந்தி வரும், வயித்து வலி வரும், வயித்துல ஒண்ணுமே இல்லாம ஓக்களிச்சுட்டு வளைஞ்சு படுத்திருப்பாங்க. வழக்கமா குடுக்கற வாந்தி மருந்து பெருசா கேக்காது. "வீட்ல என்ன பண்ணா கொஞ்சம் தேவலையா இருக்கு"ன்னு கேட்டா, சுடுதண்ணில குளிச்சா நிக்குதுன்னு சொல்லுவாங்க, சிலர் தோல் சிவந்து போற அளவுக்கு மணிக்கணக்கா ஷவர் அடில நின்னுட்டு வந்திருப்பாங்க. அதைக் கேட்டவுடனே எங்களுக்கு சந்தேகம் வந்துடும். 2004ல தெற்கு ஆஸ்திரேலியால இருந்துதான் இதை முதல்ல விவரமா எழுதினாங்க. நிறுத்தினா சரியாயிடும், ஆனா கஞ்சா வாந்தியை நிறுத்தற மருந்துன்னுதானே எல்லாரும் கேள்விப்பட்டிருக்காங்க, அதனாலயே நம்ப மாட்டாங்க, இன்னும் கொஞ்சம் இழுத்தா சரியாகும்னு நினைச்சு இன்னும் மோசமாயி திரும்ப வருவாங்க. அவங்க அம்மா அப்பா முகத்தப் பாக்கறப்ப எனக்கு மனசு கேக்காது.

அப்புறம் மனநிலை. "ஒரு இழுப்புல பைத்தியம்"ங்கறது மிகைதான். ஆனா 2019ல லான்செட் சைக்கியாட்ரிங்கற மருத்துவ இதழ்ல வந்த ஆய்வு, ஐரோப்பாவுலயும் பிரேசில்லயும் பல ஊர்ல எடுத்தது, அதுல வீரியம் கூடின சரக்கை தினமும் எடுக்கறவங்களுக்கு சைக்கோசிஸ் (நிஜம் எது கற்பனை எதுன்னு தெரியாம போற மனநோய்) வர வாய்ப்பு, எடுக்காதவங்களை விட ஏறக்குறைய அஞ்சு மடங்கு. குடும்பத்துல ஏற்கனவே அந்த நோய் இருந்தா, இல்ல பதின்வயசுலயே ஆரம்பிச்சா, ரிஸ்க் இன்னும் கூடும். எல்லாருக்கும் வருமா? வராது. யாருக்கு வரும்னு முன்கூட்டியே சொல்ல முடியுமா? அதுவும் முடியாது. அடிமையாக மாட்டோம்னு சொல்றதும் சரியில்ல, எடுத்துக்கறவங்கள்ல பத்துக்கு மூணு பேருக்கு ஏதோ ஒரு அளவுல கட்டுப்பாடு இழக்கற பிரச்சனை இருக்குன்னு அமெரிக்காவோட நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியே சொல்லுது.

சாப்பிடற வகை பத்தியும் சொல்லிடறேன், மிட்டாய் கேக் மாதிரி வர்றது. புகைன்னா சில நிமிஷத்துல தெரியும், இது அரை மணில இருந்து ரெண்டு மணி நேரம் வரைக்கும் ஆகலாம். ஒண்ணுமே ஆகலையேன்னு இன்னொண்ணு வாயில போட்டுக்குவாங்க, ரெண்டும் சேந்து ஏறும்போது நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டு, சாகப்போறோம்னு பயந்து ஓடி வருவாங்க. அதை விடக் கொடுமை, மிட்டாய்னு நினைச்சு சின்னக் குழந்தை எடுத்துத் தின்னுடறது.

தூரத்துமேகம்:

நர்ஸ் அக்கா சொன்னதுல ஒரு வார்த்தை கூட மறுக்கல. ஆனா எங்க அப்பாவுக்கு நரம்புத் தளர்ச்சியோட தசை இறுகற நோய், ராத்திரி கால் முறுக்கிக்கிட்டு கத்துவாரு, நான் உக்காந்து நீவி விட்டுட்டே இருப்பேன். அந்த நிலைமைல இருக்கற வீட்ல போயி "கஞ்சான்னாலே விஷம்"னு பேசறவங்களைப் பாத்தா எனக்குக் கோவம்தான் வரும். 2017ல அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமிகள் மொத்த ஆய்வையும் அலசி ஒரு பெரிய அறிக்கை குடுத்தாங்க, நாள்பட்ட வலி, கீமோதெரபி வாந்தி, மல்டிபிள் ஸ்க்லரோசிஸ்ங்கற நரம்பு நோய்ல வர்ற தசை இறுக்கம், இந்த மூணுக்கும் பலன் இருக்கறதுக்கு நல்ல ஆதாரம் இருக்குன்னு அதுலயே இருக்கு. குழந்தைங்களுக்கு வர்ற கடுமையான சில வலிப்பு நோய்க்கு கஞ்சாச் செடில இருந்து எடுக்கற சி.பி.டி. மருந்து 2018ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கிட்ட அனுமதி வாங்கிடுச்சு, அதுல போதையே கிடையாது.

எனக்கு வேண்டியதெல்லாம் டாக்டர் சீட்டுல அளவு போட்டு, மருந்துக்கடைல கிடைக்கணும். கடைவீதில மிட்டாயா விக்கணும்னு நான் கேக்கல. எங்களை மாதிரி ஆளுங்க வலியக் காட்டி ஓட்டு வாங்கிட்டு, அப்புறம் வியாபாரத்துக்குக் கதவைத் திறந்து விடறாங்கங்கறதும் எனக்கு வருத்தம்தான்.

சட்டப்புள்ளி:

"லீகல்"னு எல்லாரும் ஒரே வார்த்தைல சொல்லிட்டுப் போறோம், ஆனா அதுக்குள்ள ஏகப்பட்ட வகை இருக்கு. போர்ச்சுகல் 2001ல பண்ணது லீகல் இல்ல, கொஞ்சமா வச்சிருந்தா ஜெயில் கிடையாது, ஒரு குழு முன்னாடி போயி நிக்கணும், தேவைன்னா சிகிச்சைக்கு அனுப்புவாங்க, ஆனா விக்கறது இன்னைக்கும் குற்றம்தான். நெதர்லாந்துல 1976ல இருந்து கடைல வாங்கினா கண்டுக்க மாட்டாங்க, ஆனா கடைக்காரன் எங்கிருந்து சரக்கு வாங்கறான்னு பாத்தா பெரும்பாலான ஊர்கள்ல அது சட்டவிரோதம், முன்வாசல் திறந்து பின்வாசல் பூட்டின கதை. உருகுவேல பதிவு பண்ண உள்நாட்டு ஆளுக்கு மட்டும், மருந்துக்கடைல, மாசத்துக்கு 40 கிராம் வரைக்கும், விளம்பரமே கூடாது. ஜெர்மனில 2024 ஏப்ரல்ல இருந்து வீட்ல மூணு செடி வளத்துக்கலாம், ஜூலைல இருந்து கிளப்ல சேந்தும் வாங்கிக்கலாம், கடைல விக்க முடியாது. கனடால 2018 அக்டோபர் 17ல இருந்து கடையே இருக்கு, ஆனா சாப்பிடற வகைல ஒரு பாக்கெட்டுக்கு மொத்தமே 10 மில்லிகிராம் டி.எச்.சி. தான். அமெரிக்காவோட கொலராடோ மாநிலத்துல ஒரு பாக்கெட்ல 100 மில்லிகிராம் வரைக்கும் போகலாம். இவ்ளோ வித்தியாசம் இருக்கும்போது "லீகல் ஆக்கினா என்ன ஆகும்"னு கேட்டா, எந்த லீகல்னு முதல்ல கேக்கணும்.

தாய்லாந்து ஒரு பாடம். 2022 ஜூன்ல போதைப்பொருள் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க, விதிமுறை எழுதறதுக்கு முன்னாடியே. தெருவுக்குத் தெரு கடை முளைச்சுது, அப்புறம் 2025 ஜூன்ல டாக்டர் சீட்டு இருந்தாத்தான் வாங்க முடியும்னு திருப்பி இழுத்துப் பிடிச்சாங்க. ஜனங்க மனசு ஒரே திசைலதான் போகும்னு இல்ல.

என் கருத்து இது: கைல வச்சிருக்கறவனை ஜெயில்ல போடறத நிறுத்தணும், ஆனா கம்பெனிங்க கைல குடுக்கக் கூடாது. ஏன்னு சொல்றேன். அமெரிக்கால 2022 கணக்குப்படி தினமும் இல்ல ஏறக்குறைய தினமும் கஞ்சா எடுக்கறவங்க 1 கோடியே 77 லட்சம், அதே மாதிரி தினமும் சாராயம் குடிக்கறவங்க 1 கோடியே 47 லட்சம். 1992ல இப்படி கஞ்சா எடுத்தவங்க 10 லட்சம் கூட இல்ல. எப்பவாவது எடுக்கறவனால கடைக்குப் பெருசா வருமானம் வராது, தினமும் எடுக்கறவனாலதான் கடை ஓடும், அப்ப கம்பெனிக்கு அக்கறை யார் மேல இருக்கும்? சிகரெட்ல இதே கதையத்தானே பாத்தோம்.

கண்டிப்பா_வேண்டாம்:

நான் முழுக்க எதிர்ப்பு, அதை நேராவே சொல்லிடறேன். சாராயத்தை விடக் கெடுதல் கம்மின்னு ஒரு வாதம் வைக்கறாங்களே, அதுல என்ன நியாயம்? ஏற்கனவே சாராயம், சிகரெட்னு ரெண்டு போதை லைசென்ஸோட வீட்டைக் கெடுத்துட்டு இருக்கு, மூணாவதா ஒண்ணு எதுக்கு? அரசாங்கம் லைசென்ஸ் குடுத்தா "அவங்களே விக்கறாங்க, தப்பில்ல"ன்னுதான் பசங்க எடுத்துக்குவாங்க. அமெரிக்கால எடுத்த ஒரு சர்வேல, தினமும் கஞ்சா புகைக்கறது சிகரெட்டை விடப் பாதுகாப்புன்னு 44 சதவீதம் பேர் நம்பறாங்க. புகை எதுவா இருந்தாலும் நுரையீரலுக்குப் புகைதானே! இந்த நம்பிக்கைய யாரு விதைச்சது?

நூலேணி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விளக்கமா வரும்னு எதிர்பாக்கல. கண்டிப்பா_வேண்டாம் சொன்னதுல இருந்தே கேக்கறேன், லீகல் ஆன இடத்துல ஸ்கூல் பசங்க எடுத்துக்கறது நிஜமாவே கூடிடுச்சா? எனக்கு முக்கியமான பயம் அதுதான்.

எண்ணும்_எழுத்தும்:

பயந்த அளவுக்கு ஆகல. அமெரிக்கால வருஷா வருஷம் ஸ்கூல் பசங்ககிட்ட ஒரு பெரிய சர்வே எடுக்கறாங்க, அதுல "இது ஆபத்து"ன்னு சொல்ற பசங்க எண்ணிக்கை சரசரன்னு இறங்கிடுச்சு, ஆனா எடுத்துக்கறவங்க எண்ணிக்கை அந்த அளவுக்கு ஏறவே இல்ல. இது ஆராய்ச்சி பண்றவங்களுக்கே ஆச்சரியம்தான். கூடினது பெரியவங்க மத்தியில, அதுலயும் தினசரி எடுக்கறவங்க. அப்புறம் அக்கா சொன்ன குழந்தைங்க விஷயம் நிஜம், கனடால மிட்டாய் வகைய அனுமதிச்ச மாகாணங்கள்ல சின்னக் குழந்தைங்க தெரியாம தின்னுட்டு ஆஸ்பத்திரில சேந்தது, அதை அனுமதிக்காத கியூபெக்கை விட நல்லாவே அதிகம். சட்டத்துல ஒரு வரி மாத்தினா எவ்ளோ வித்தியாசம் பாருங்க.

வார்டு_வெளிச்சம்:

கண்டிப்பா_வேண்டாம் அண்ணா, உங்க கவலை புரியுது. ஆனா ஒண்ணு யோசிங்க, குற்றம்னு இருக்கற இடத்துல பசங்க மயங்கிக் கிடந்தா கூட கூட்டாளிங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரப் பயப்படறாங்க. வந்தாலும் என்ன எடுத்தான்னு வாயைத் திறக்க மாட்டாங்க. நான் கேக்கற முதல் கேள்விக்கே பொய்யான பதில் வந்தா நான் எப்படிப் பாப்பேன்?

நூலேணி, தம்பிகிட்ட பேசப் போறீங்கன்னா பைத்தியம் பிடிக்கும்னு மிரட்டாதீங்க, கூட இருக்கறவனுக்கு ஒண்ணும் ஆகலங்கறதப் பாத்து நீங்க சொன்ன எல்லாத்தையும் பொய்னு நினைச்சுடுவான். எவ்ளோ வீரியம், வாரத்துல எத்தனை நாள், எந்த வயசுல ஆரம்பிச்சான், குடும்பத்துல யாருக்காவது மனநோய் இருந்திருக்கா, இதைக் கேளுங்க. எடுத்துட்டு வண்டி ஓட்டறானாங்கறதையும் கேட்டுடுங்க. சாராயம் மாதிரி இத்தனை பாயிண்ட்னா இவ்ளோ போதைன்னு ரத்தத்துல பாத்து சொல்ல முடியாது, உடம்புல தங்கற டி.எச்.சி. பல நாள் கழிச்சும் காட்டும், போதை அப்ப இருக்கணும்னு இல்ல. ஆனா ஏறியிருக்கற நேரத்துல தூரத்தைக் கணிக்கறதும் சட்டுனு பிரேக் போடறதும் குறையும், "நான் மெதுவாத்தான் ஓட்டறேன்"னு சொல்லி ஓட்டிட்டு வந்தவங்களை ஸ்ட்ரெச்சர்ல பாத்திருக்கேன்.