மூணாங்கிளாஸ் பேரன்ட்ஸ் மீட்டிங், முதல் தடவையா நானே நடத்தணும், எப்படி தயாராகுறது?

சாக்பீஸ்_தூசி:

எல்லாருக்கும் வணக்கம். என்னை இந்த வருஷம்தான் மூணாங்கிளாஸுக்கு கிளாஸ் டீச்சரா போட்டிருக்காங்க, இதுவரைக்கும் சப்ஜெக்ட் டீச்சரா ஓரத்துல உக்காந்து தலையாட்டிட்டு வந்ததுதான், இப்ப மொத்த மீட்டிங்கும் என் தலையில. அடுத்த சனிக்கிழமை. ஒரு பிள்ளைக்கு 10 நிமிஷம்னு டைம் போட்டு சர்க்குலர் போயாச்சு. மார்க் லிஸ்ட் ரெடி, ரேங்க் கார்டுல ரிமார்க்ஸ் எழுதியாச்சு, ஆனா அதைக் கையில குடுத்துட்டா மிச்ச நேரம் என்ன பேசுறதுன்னு நினைச்சா வயித்தைக் கலக்குது.

மூணு விஷயம் ரொம்ப உறுத்துது. ஒரு பையன், வாயால கேட்டா எல்லாத்துக்கும் டக்குனு பதில் சொல்றான், மனக்கணக்கு பிரமாதமா போடுறான், ஆனா புக்கைக் குடுத்து வாசிக்கச் சொன்னா எழுத்து எழுத்தா தட்டுத் தடுமாறி போறான், பாதி வார்த்தையை பக்கத்துல இருக்குற படத்தைப் பாத்து யூகிச்சு சொல்றான். இதை அவங்க வீட்டுல எப்படி ஆரம்பிச்சு சொல்றது? ரெண்டாவது, ஒரு பாப்பாவோட அப்பா போன வருஷ டீச்சர்கிட்ட சத்தம் போட்டு ஹெச்.எம் ரூம் வரைக்கும் போனவராம், ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் சேந்து என்னைப் பயமுறுத்தி வச்சிருக்காங்க. மூணாவது, பிள்ளைங்களையும் கூட்டிட்டு வரச் சொல்லலாமா வேணாமா? சர்க்குலர்ல அதைப் பத்தி ஒண்ணுமே போடல.

அனுபவம் இருக்குறவங்க சொல்லுங்க, திட்டினாலும் பரவால்ல.

பழைய_கரும்பலகை:

தங்கச்சி, முதல்ல அந்த மார்க் லிஸ்ட்டை மூடி ஓரமா வைங்க. மார்க் அவங்களுக்கு ஏற்கனவே தெரியும், நோட்டுல கையெழுத்து போட்டு அனுப்புனவங்களே அவங்கதான். அவங்க வந்து உக்காந்து உங்க முகத்துல தேடுறது ஒண்ணே ஒண்ணுதான், இந்த டீச்சருக்கு எம்புள்ளையைத் தெரியுமா, இல்ல ரோல் நம்பராத்தான் தெரியுமா. அது பட்டுடுச்சுன்னா அதுக்கப்புறம் நீங்க கசப்பா ஒண்ணு சொன்னாலும் கேட்டுப்பாங்க.

அதனால இன்னைக்கே ஒரு நோட்டை எடுத்து ஒவ்வொரு பிள்ளை பேருக்கு நேரா ஒரு வரி எழுதுங்க. நிபந்தனை என்னன்னா அந்த வரி வேற எந்தப் பிள்ளைக்கும் பொருந்தக் கூடாது. "நல்ல பையன், கொஞ்சம் கவனம் தேவை" எல்லாம் செல்லாது. "கைவேலை குடுத்தா பசை டப்பாவை முதல்ல பக்கத்துல இருக்குறவங்களுக்கு நகத்தி வச்சுட்டுதான் தன்னோடதை ஆரம்பிப்பா", இப்படி இருக்கணும். எழுத ஆரம்பிச்சா சில பிள்ளைங்களுக்கு ஒண்ணுமே தோணாது. அடங்கி ஒடுங்கி நடு பெஞ்ச்ல உக்காந்திருக்கும் பாருங்க, அதுங்கதான். சனிக்கிழமை வர்றதுக்குள்ள யாரை உத்துப் பாக்கணும்னு அதுலயே தெரிஞ்சுடும்.

அடுத்தது நோட்டு. டெர்ம் ஆரம்பத்துல எழுதின பக்கம் ஒண்ணு, இந்த வாரம் எழுதினது ஒண்ணு, தேதியோட எடுத்து வைங்க. வாயால சொல்றதைவிட பக்கத்தைத் திறந்து காட்டுறது எவ்வளவோ மேல். உதாரணத்துக்கு ஒரு பிள்ளை 52லருந்து 27ஐக் கழிச்சா 35னு எழுதுதுன்னு வைங்க. "கணக்குல வீக், நிறைய பிராக்டிஸ் பண்ணச் சொல்லுங்க"ன்னு அனுப்பிட்டா அம்மா வீட்டுல உக்கார வச்சு இன்னும் ஐம்பது கணக்கு குடுப்பாங்க, பிள்ளை ஐம்பதையும் அதே மாதிரி தப்பா போட்டு தப்பை நல்லா மனப்பாடம் பண்ணிக்கும். அதுக்குப் பதிலா அந்தக் கணக்கை விரல் வச்சு காட்டுங்க: "இங்க பாருங்கம்மா, 2லருந்து 7 போகாதுன்னதும் 7லருந்து 2ஐக் கழிச்சிருக்கா, எங்க பாத்தாலும் பெருசுலருந்து சின்னதைக் கழிக்கிறா. கவனக்குறைவு இல்ல, அவளா ஒரு விதி வச்சுக்கிட்டா. பத்துப் பத்தா கட்டின குச்சி வச்சு ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டினா புரிஞ்சுப்பா, நான் கிளாஸ்ல பண்றேன், நீங்களும் வீட்டுல ரெண்டு கணக்கு அப்படிப் போட்டுப் பாருங்க." அம்மா முகத்தைப் பாருங்க அப்ப.

ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு விஷயம்தான். மூணு குறை சொன்னா ஒண்ணும் ஞாபகம் இருக்காது, வீட்டுக்குப் போய் மூணுக்கும் சேத்து ஒரு அடி விழும், அவ்வளவுதான் நடக்கும். பேச்சை முதல்ல அவங்களை விட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்க, "வீட்டுல ஸ்கூலைப் பத்தி என்ன சொல்றா?"ன்னு கேளுங்க. அதுல வர்ற பதில் பாதி வேலையை முடிச்சுடும்.

அப்புறம் ரூம். பிள்ளைங்க பெஞ்சுல பெரியவங்களை உக்கார வச்சுடாதீங்க, முட்டி மூஞ்சில இடிக்கும், அப்படி உக்காந்தவங்க நல்ல மூட்ல பேச மாட்டாங்க. பெரிய சேர் கேட்டு வாங்கிப் போடுங்க. மேஜைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு இல்லாம பக்கவாட்டுல உக்காந்தா ரெண்டு பேரும் ஒரே நோட்டைப் பாக்கலாம். காத்திருக்கிறவங்களுக்கு வெளிய தள்ளி இடம் போடுங்க, அடுத்த வீட்டுக் கதை அவங்க காதுல விழக் கூடாது. ரிஜிஸ்டரைத் திறந்து வைக்காதீங்க, உங்ககிட்ட பேசிக்கிட்டே மத்த பிள்ளைங்க மார்க்கைத் தலைகீழா வாசிக்கிறதுல சில பேர் கில்லாடி.

நாலஞ்சு பேருக்கு ஒரு தடவை ஒரு ஸ்லாட்டை சும்மா விடுங்க. இல்லன்னா பத்து மணிக்கு வரச் சொன்னவர் பதினொண்ணு வரைக்கும் நின்னுட்டு உள்ள வர்ற கோபத்துக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.

ரெட்டைவால்_அம்மா:

நான் டீச்சர் இல்ல, அந்தப் பக்க சேர்ல உக்கார்றவ. சொல்லலாம்ல?

என் பையனுக்கு வருஷா வருஷம் ஒரே டயலாக், "ரொம்பப் பேசுறான் மேடம்." சரி, பேசுறான். காலைல பதினோரு மணிக்கு கிளாஸ்ல அவன் பேசுறதை நான் எங்கருந்து நிறுத்துறது? எப்பப் பேசுறான், எந்தப் பாடத்துல, யார் பக்கத்துல உக்காந்தா, நீங்க என்ன பண்ணிப் பாத்தீங்க, எது கொஞ்சமாவது வேலைக்கு ஆச்சு, இதைச் சொன்னா நானும் எதாவது யோசிக்கலாம். சும்மா கம்ப்ளைன்ட் மட்டும் வந்தா நான் தலையாட்டிட்டு வந்து அவனைக் கத்துவேன். போன வருஷ டீச்சர் மட்டும்தான், "வேலை முடிச்சுட்டு சும்மா இருக்கும்போதுதான் பேசுறான், அதனால போர்டு அழிக்கிற வேலை, நோட்டு அடுக்குற வேலை குடுத்துப் பாத்தேன், குறைஞ்சிருக்கு"ன்னாங்க. அன்னைக்கு நானும் வீட்டுல அதையே பண்ண ஆரம்பிச்சேன்.

இன்னொண்ணு. அண்ணன் அக்காவோட ஒப்பிடாதீங்க ப்ளீஸ். "உங்க பெரியவ எவ்ளோ நல்லா படிப்பா"ன்னு ஒரு வார்த்தை போதும், அந்தச் சின்னது ஒரு மாசத்துக்கு நோட்டைத் தொடாது.

நீங்க சாதாரணமா சொல்ற வார்த்தை வீடு போய்ச் சேரும்போது ரெண்டு மடங்கு ஆயிடும் டீச்சர். மீட்டிங் முடிஞ்சு கேட்டுக்கு வெளிய பிள்ளை காதைத் திருகி இழுத்துட்டுப் போற அப்பாக்களை நான் பாத்திருக்கேன். அப்படிப்பட்ட வீடுன்னு உங்களுக்கு லேசா சந்தேகம் இருந்தாலும், "இதுக்காக அவனை அடிக்க வேணாம், நான் பாத்துக்கிறேன், நீங்க இது ஒண்ணு மட்டும் பண்ணுங்க"ன்னு வாய்விட்டுச் சொல்லிடுங்க.

அப்புறம் முடிஞ்சா முன்கூட்டியே ஒரு துண்டுச் சீட்டு அனுப்புங்க, "எதைப் பத்திப் பேசணும்னு நினைக்கிறீங்க"ன்னு. உங்க முன்னாடி வந்து உக்காந்ததும் எங்களுக்கு கேக்க நினைச்சது எல்லாம் மறந்துடும், நாங்களே ஸ்கூல் பிள்ளை ஆயிடுவோம்.

சின்னச்சின்னப்படி:

கத்துக்க சிரமப்படுற பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்குற ஸ்பெஷல் எஜுகேட்டரா இருக்கேன், அந்த வாசிக்கிற பையனைப் பத்தி மட்டும் சொல்றேன்.

சனிக்கிழமைதான் அவங்க இதை முதல் தடவையா கேக்கணும்னு வச்சுக்காதீங்க. இந்த வாரமே ஒரு போன் போட்டு, "வாசிப்பைப் பத்தி கொஞ்சம் நிதானமா பேசணும், கடைசி ஸ்லாட்டா வாங்க"ன்னு சொல்லிடுங்க. கடைசின்னா பின்னாடி யாரும் காத்திருக்க மாட்டாங்க, நேரம் எடுத்துப் பேசலாம்.

போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. அவன் லெவலுக்கு ஒரு பத்தி குடுத்து வாசிக்கச் சொல்லுங்க, எந்தெந்த வார்த்தைல நின்னான், எதை யூகிச்சான்னு பென்சிலால குறிச்சுக்கோங்க, முடிஞ்சதும் அதுல ரெண்டு மூணு கேள்வி கேளுங்க. இன்னொரு நாள் அதே அளவு இன்னொரு பத்தியை நீங்களே வாசிச்சுக் காட்டிட்டு கேள்வி கேளுங்க. நீங்க வாசிச்சா நல்லா பதில் சொல்றான், தானா வாசிச்சா தடுமாறுறான்னா, சிக்கல் புத்தில இல்ல, எழுத்தை ஒலியா மாத்துற இடத்துலதான்னு அவங்களுக்கே கண்ணால பாத்த மாதிரி தெரியும். "சோம்பேறி", "விளையாட்டுப் புத்தி" இந்த ரெண்டு வார்த்தையும் அங்கயே செத்துடும்.

இதுக்குப் பேர் எதையும் நீங்க வைக்காதீங்க. டிஸ்லெக்ஸியாவா, அதாவது புத்தி நல்லா இருந்தும் வாசிக்க எழுத வராத சிரமமா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அதைச் சொல்ல வேண்டியது சோதிச்சுப் பாக்குறவங்க. நீங்க என்ன பாத்தீங்க, எப்பலருந்து பாக்குறீங்க, என்ன முயற்சி பண்ணீங்க, அது மட்டும் போதும். கண்ணும் காதும் செக் பண்ணியாச்சான்னு கேளுங்க. அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளைக்கு காதுக்குள்ள நீர் கோத்துக்கிட்டா சில வாரம் சரியா கேக்காது, அப்புறம் கேக்கும், வீட்டுல யாருக்கும் பிடிபடாது. குடும்பத்துல வேற யாருக்காவது சின்ன வயசுல வாசிக்க சிரமம் இருந்துச்சான்னும் மெதுவா கேளுங்க, இது குடும்பத்துல தொடர்ந்து வர்றது சகஜம். அப்பாவே "எனக்கும் அப்படித்தான்"னு சொல்லுவார் சில நேரம்.

எழுத்தைத் திருப்பிப் போடுறது மட்டும்னா ஏழு வயசு வாக்குல வரைக்கும் நிறைய பிள்ளைங்க பண்றதுதான், அதுக்கு நான் பதற மாட்டேன். ஆனா மூணாங்கிளாஸ்ல படத்தைப் பாத்து வாசிக்கிறான்னா "போகப் போக சரியாயிடும்"னு சொல்லி அனுப்பக் கூடாது. ஸ்கூல்ல கவுன்சிலரோ ஸ்பெஷல் எஜுகேட்டரோ இருந்தா முன்னாடியே பேசி வச்சுட்டு, அடுத்து யாரைப் பாக்கணும், எப்பன்னு கையோட சொல்லுங்க. வீட்டுல இம்போசிஷன் வேணாம்னு சொல்லுங்க. ராத்திரி ஒரு பத்து நிமிஷம் அவங்க வாசிச்சுக் காட்டட்டும், அவன் கேக்கட்டும்.

மணி_அடிச்சாச்சு:

கரும்பலகை அக்கா சொன்னதுல ஒரே இடத்துல எனக்கு உடன்பாடு இல்ல. எடுத்ததும் பேரன்ட்டைப் பேச விடுங்கன்னா சில பேர் உறைஞ்சு போயிடுவாங்க. அவங்க ஸ்கூல்ல பட்ட அடியெல்லாம் ஞாபகம் வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க, கேள்வி கேட்டாலே பரீட்சை மாதிரி. அவங்ககிட்ட முதல்ல அந்த ஒரு வரியைச் சொல்லிடுங்க, தோள் கொஞ்சம் இறங்கும், அப்புறம் கேளுங்க.

அந்த கோபக்கார அப்பா விஷயம். ஸ்டாஃப் ரூம் கதையை அப்படியே வாங்கிக்காதீங்க, போன வருஷம் எதுக்கு சண்டை வந்துச்சுன்னு அந்த டீச்சர்கிட்டயே தனியா கேளுங்க, பல நேரம் அவர் கேட்டது நியாயமா இருக்கும், கேட்ட விதம்தான் மோசமா இருந்திருக்கும். இந்த வாரம் அந்தப் பாப்பா நல்லா பண்ணின ஒரு விஷயத்துக்காக போன் பண்ணுங்க, வேற எதுவும் பேசாம வச்சுடுங்க. சனிக்கிழமை முதல் ஸ்லாட் அவருக்குக் குடுங்க, காத்திருக்க வேண்டியிருக்காது, உங்களுக்கும் தெம்பு இருக்கும்.

அப்படியும் சத்தம் போட்டா உடனே பதில் சொல்ல இறங்காதீங்க. அவர் சொல்றதைப் பேப்பர்ல எழுதுங்க, எழுதி முடிச்சு "நீங்க சொல்றது இது, சரியா?"ன்னு வாசிச்சுக் காட்டுங்க. எழுதுறதைப் பாத்தாலே பாதி ஆள் குரலைக் குறைச்சுடுவாங்க. பக்கத்து சீட் பிள்ளையைப் பத்தி இழுத்தா அந்தப் பேச்சே எடுக்காதீங்க, "உங்க பொண்ணைப் பத்தி மட்டும் பேசலாம் சார்." அங்கயே எந்த வாக்கும் குடுக்காதீங்க. மரியாதை இல்லாம போச்சுன்னா எழுந்து, "இன்னொரு நாள் ஹெச்.எம் கூட உக்காந்து பேசலாம்"னு முடிச்சுடுங்க. கதவு திறந்தே இருக்கட்டும், பக்கத்து கிளாஸ்ல ஒரு ஆளுக்கு முன்னாடியே சொல்லி வைங்க.

பிள்ளைங்க வரலாம், என்னைக் கேட்டா வரணும். முதல் பாதி அதுங்களே நடத்தட்டும், பிடிச்ச பக்கம் ஒண்ணு, கஷ்டமா இருக்குற பக்கம் ஒண்ணு எடுத்துக் காட்டட்டும், அதுக்கு கிளாஸ்ல முதல் நாளே ஒத்திகை பாத்துடுங்க. அப்புறம் வெளிய விளையாட அனுப்பிட்டு மிச்சத்தைப் பேசுங்க. வாசிக்கிற பையன் மட்டும் வேணாம், அவனை வச்சுக்கிட்டு அந்தப் பேச்சு ஆகாது. அப்புறம் பேரன்ட்ஸுக்கு வேற மொழின்னா பிள்ளையையே மொழிபெயர்க்க விடாதீங்க, தன்னைப் பத்தின கம்ப்ளைன்ட்டை எந்தப் பிள்ளை ஒழுங்கா மாத்திச் சொல்லும்!

சாக்பீஸ்_தூசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அக்கா உங்களுக்கு ஸ்பெஷலா. ஒரு வரி எழுத உக்காந்தேன், நடு பெஞ்ச் பிள்ளைங்க சிலருக்கு பேனா நகரவே இல்ல. அப்புறம் நோட்டைப் புரட்டினா நீங்க சொன்ன அதே கழித்தல், ரெண்டு பேர் நோட்டுல அப்படியே இருக்கு, நான் இத்தனை நாளா தப்பு போட்டு "கவனம்"னு எழுதிட்டு வந்திருக்கேன். வாசிக்கிற பையனோட அம்மாவுக்கு போன் பண்ணிட்டேன், "நானே கேக்கணும்னு இருந்தேன் மிஸ்"ன்னாங்க.

கடைசியா ஒரு டவுட். வராதவங்களை என்ன பண்றது? அப்புறம் பேச்சை நிறுத்தாதவங்களை?

பழைய_கரும்பலகை:

வராதவங்களுக்கு இன்னொரு சர்க்குலர் அனுப்பாதீங்க, முதல் சர்க்குலருக்கே வராதவங்க அவங்க. போன் பண்ணுங்க, லீவு கிடைக்காதவங்களா இருக்கும், கைக்குழந்தை இருக்கும். சாயங்காலம் எப்ப பேசினா வசதின்னு கேட்டு போன்லயே பத்து நிமிஷம் முடிச்சுடுங்க. தாத்தாவோ பாட்டியோ வந்தா "அப்பா அம்மா வரலையா"ன்னு மூஞ்சியைச் சுளிக்காதீங்க, பல வீட்டுல பிள்ளையை நோட்டோட உக்கார வைக்கிறது அவங்கதான். அம்மா அப்பா பிரிஞ்சிருந்தா யார்கிட்ட என்ன சொல்லலாம்னு ஆபீஸ்ல கேட்டு வச்சுக்கோங்க.

ஒவ்வொருத்தர் போனதும் ரெண்டு வரி எழுதிடுங்க, நீங்க என்ன செய்றேன்னு சொன்னீங்க, அவங்க என்ன செய்றேன்னாங்க. மத்தியானத்துக்கு மேல எல்லா முகமும் ஒண்ணாயிடும், யார்கிட்ட குச்சிக்கட்டு சொன்னோம்னே தெரியாது. ரெண்டு மூணு வாரம் கழிச்சு டைரில ஒரு வரி அனுப்புங்க, முன்னேற்றம் இருந்தாலும் இல்லன்னாலும்.

பேச்சை நிறுத்தாதவங்களுக்கு ஒரே வைத்தியம்தான். அவங்க தலைக்குப் பின்னாடி சுவத்துல கடிகாரம் இருக்குற மாதிரி சேரைப் போடுங்க, கையைத் திருப்பிப் பாக்க வேண்டியதில்ல. நேரம் ஆனதும் நோட்டை மூடி அவங்க கையில குடுத்துக்கிட்டே எழுந்து நில்லுங்க, பேசிக்கிட்டே அவங்களும் எழுந்துடுவாங்க, அப்படியே பேசிக்கிட்டே கதவு வரைக்கும் நடந்துடலாம்.