'பிலவட்' நாவலும் சார்த்தரும்: ஒரு உதவி வேண்டும்

நண்பர்களே, வணக்கம். புதுச்சேரியில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடுத்த மாதம் அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசன் அங்கிருந்த அடிமைமுறையை வைத்து எழுதிய 'பிலவட்' (1987) நாவலைப் பற்றி நான் பேச வேண்டும். ஒரு இடத்தில் சிக்கி நிற்கிறேன்.

சங்கிலியில் கிடக்கும் அடிமையும் எசமானைப் போலவே சுதந்திரமானவன் என்று பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் 1943-இல் எழுதினார். சங்கிலியை உடைக்க முயல்வதா, அடங்கிக் கிடப்பதா என்ற தேர்வு அவனிடமே இருக்கிறது என்பது அவர் வாதம். நாவலில் பால் டி என்ற அடிமை வாயில் இரும்புக் கடிவாளத்தோடு நிற்கிறான். எதிரே ஒரு சேவல். அது முட்டையிலிருந்து வெளிவரவே அவன்தான் உதவியவன். அந்தச் சேவல் தன்னைவிடச் சுதந்திரமாக இருப்பதாக அவனுக்குத் தோன்றுகிறது. அதைப் படித்த பிறகு சார்த்தரை முழுசாக ஏற்க என்னால் முடியவில்லை. தப்பி வந்த அடிமைப் பெண் சேத்தி, மீண்டும் அடிமையாகப் பிடித்துப் போய்விடக் கூடாதென்று தன் குழந்தையைக் கொல்வதைத் 'தேர்வு' என்று சொல்லவும் நா எழவில்லை.

இதைப் பற்றித் தமிழில் யாராவது எழுதியிருந்தால் சொல்லுங்கள். அப்புறம் இன்னொன்று. பிரெஞ்சுக் காலனிகளில் 1848-இல் அடிமைமுறை ஒழிந்த பிறகு, இங்கிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம் ஆட்கள் ஒப்பந்தக் கூலிகளாக ரீயூனியன், குவாதலூப் தீவுகளுக்குக் கப்பலேறினார்கள். அவர்களைப் பற்றிய கதை, நாவல் எதுவானாலும் வேண்டும். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' படித்துவிட்டேன், அது இலங்கைத் தோட்டம். புத்தகம் கையில் இருந்தால் நானே வந்து வாங்கி, நகல் எடுத்துத் திருப்பித் தருகிறேன். கடலூர் என்றாலும் சரி.