அராகேரியாவின் தலையை வெட்டலாமா?

கோத்தகிரிக்காரன்: நேற்று இங்கே ஒருவர், ‘வீட்டுக்குள் வைத்த கிறிஸ்துமஸ் மரம் கூரையைத் தொட்டால் நுனியை வெட்டிவிடுங்கள், செம்பருத்தி மாதிரி புதராகத் தழையும்’ என்று எழுதியிருந்தார். அதற்கு 40 பேர் விருப்பக்குறி வேறு. மனசு ஆறவில்லை. அந்த மரத்தின் பெயர் அராகேரியா. அதற்குத் தலை, அதாவது நடு நுனி, போனால் போனதுதான்.

மாடித்தோட்டம் மதுரை: அந்த ‘ஒருவர்’ நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். மார்ச்சில் வெட்டினேன், ஜூனில் வெட்டுக்குக் கீழே மூன்று துளிர். போனதுதான் என்றால் இது என்ன?

கோத்தகிரிக்காரன்: துளிர் வராது என்று எங்கே சொன்னேன்? தலை வராது என்றேன். மூன்றும் நான்தான் தலைவன் என்று அடித்துக்கொள்ளும். குடை விரித்தாற்போல் அடுக்கடுக்காக நின்ற மரம் துடைப்பக்கட்டை ஆகிவிடும். அந்த அடுக்குக்குத்தானே காசு கொடுத்தோம்?

மாடித்தோட்டம் மதுரை: என் வீட்டுத் துடைப்பம் உங்களுக்கு ஏன் உறுத்துகிறது? துளிர்த்தது. அவ்வளவுதான்.

செடிப்பைத்தியம்: நான் பக்கக் கிளையை ஒடித்து நட்டேன். வேர் பிடித்தது. ஒன்றரை வருடமாகப் படுத்தபடியே வளர்கிறது, குச்சி கட்டி நிமிர்த்தினாலும் சாய்கிறது.

கோத்தகிரிக்காரன்: அதைத்தான் தொண்டை கிழியச் சொல்கிறேன். பக்கக் கிளை கடைசிவரை பக்கக் கிளைதான். நுனிக் குச்சியை நட்டால் மட்டுமே நேராகப் போகும். உயரம் அடங்க வேண்டுமா, பெரிய தொட்டிக்கு மாற்றாதீர்கள். வேர் நிறைந்ததும் ஓரத்து வேரைக் கொஞ்சம் கழித்து அதே தொட்டியில் வையுங்கள். உரத்தைக் குறையுங்கள். ஜன்னலோரம் வைத்து வாரம் ஒருமுறை திருப்பிவிடுங்கள். இருட்டு மூலையில் வைத்தால் நெடுநெடுவென்று போகும், அடிக்கிளை காய்ந்து உதிரும். உதிர்ந்த கிளை அங்கே மறுபடி வராது.

மாடித்தோட்டம் மதுரை: வேர் என்கிற காலை வெட்டலாம், தலையை வெட்டக் கூடாது! நல்ல வைத்தியம்.

கோத்தகிரிக்காரன்: ஆமாம், அப்படித்தான். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பசிபிக் கடலில் இருக்கும் நார்ஃபோக் தீவில் 50 மீட்டருக்கு மேல் போகிற மரம் இது. 1774இல் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக் பார்த்துவிட்டுக் கப்பலுக்குப் பாய்மரம் ஆகும் என்று நினைத்தார். அவ்வளவு நேரான தண்டு.

செடிப்பைத்தியம்: பைன் மரங்களே அப்படித்தான் சார்.

கோத்தகிரிக்காரன்: இது பைனே இல்லை. அராகேரியா தனிக் குடும்பம்.

மாடித்தோட்டம் மதுரை: குக் நினைத்தார், சரி. பிறகு மரம் பாய்மரத்துக்கு லாயக்கில்லை என்று ஆனதையும் சொல்லுங்களேன். பாதிதான் சொல்வீர்கள். போன வருடம் கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றலாம் என்றதற்கு என்னை என்ன பாடு படுத்தினீர்கள்? மறக்கவில்லை.

கோத்தகிரிக்காரன்: மோர் பேச்சு இங்கே எதற்கு? தலை வந்ததா, வரவில்லையா?

புதுத்தொட்டி: அண்ணா, என் தொட்டியில் நான்கு தண்டு இருக்கிறது. ஒன்றை மட்டும் வெட்டலாமா?

கோத்தகிரிக்காரன்: தம்பி, அது ஒரு மரமில்லை. தொட்டி நிறைவாகத் தெரிய நர்சரியில் நான்கு கன்றைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். வேண்டாததை அடியோடு வெட்டு.

மாடித்தோட்டம் மதுரை: பார்த்தீர்களா? நுனியைத் தொடாதே என்றவர் அடியோடு வெட்டச் சொல்கிறார்!

கோத்தகிரிக்காரன்: அது வேறு, இது வேறு. உங்கள் மூன்று துளிரைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்ப்போம்.

மாடித்தோட்டம் மதுரை: போட்டால் வெளிச்சம் சரியில்லை என்பீர்கள். மோருக்கும் அதையேதான் சொன்னீர்கள்.

புதுத்தொட்டி: அடியோடு என்றால் மண்ணை ஒட்டியா, இரண்டு விரல் விட்டா?

கோத்தகிரிக்காரன்: இரு தம்பி. முதலில் அவர் படம் போடட்டும்.