மைதானத்துக்கு மின்விளக்கா, பிள்ளைகளுக்கு மாதக் கொடுப்பனவா?

வலிகாமத்தான் (ரொறன்ரோ):

யாழ்ப்பாணத்தில் இருக்கும் எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்துக்கு இங்கே ஒரு கிளையும் லண்டனில் ஒரு கிளையும் இருக்கின்றன. இராப்போசன விருந்து, நடைபவனி, மலருக்கு விளம்பரம் என்று இரண்டு கிளைகளும் சேர்த்த பணத்தை எதற்குக் கொடுப்பது என்று அடுத்த பொதுக்கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும். இரண்டு பிரேரணைகள் வந்திருக்கின்றன. மைதானத்துக்கு மின்விளக்குக் கோபுரங்கள் அமைப்பது ஒன்று. தரம் 10 தொடக்கம் உயர்தரம் வரை படிக்கும் வசதி குறைந்த பிள்ளைகளுக்கு மாதந்தோறும் கொடுப்பனவு வழங்குவது மற்றது. ஊரில் இருப்பவர்களும் வேறு பாடசாலைகளில் படித்தவர்களும் கருத்துச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

நான் இரண்டாவது பிரேரணையின் பக்கம். போரால் வந்த 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு சனம் திரும்பி வந்தபோது கூரையில்லாத வகுப்பறைகளும் கதவு பெயர்க்கப்பட்ட ஆய்வுகூடமும்தான் எஞ்சியிருந்தன. அப்போது வெளிநாட்டில் இருந்தவர்கள் கட்டடத்துக்குப் பணம் அனுப்பியதில் முழு நியாயம் இருந்தது. அந்தப் பழக்கத்திலேயே இன்னும் போய்க்கொண்டிருக்கிறோம். வாசல் வளைவு கட்டினோம். கேட்போர் கூடத்துக்குக் குளிரூட்டி பூட்டினோம். எல்லாவற்றிலும் கொடுத்தவர் பெயர் பொறித்த கல் இருக்கிறது. தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விடும் பிள்ளைக்கு அந்தக் கல்லால் என்ன பயன்?

1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1980 முதல் பாடநூலும் 1993 முதல் சீருடைத் துணியும் இலவசமாகக் கிடைக்கின்றன. பஸ் கட்டணம், காலைச் சாப்பாடு, ரியூசன் காசு, பயிற்சிக் கொப்பி எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. பிள்ளை தடுக்கி விழுவது அங்கேதான்.

விக்கெட் காப்பாளன் (கொக்குவில்):

அண்ணா, மின்விளக்கு ஏதோ ஆடம்பரம் என்பது போல எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த மைதானத்தில் இன்றும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். நடப்பதைச் சொல்கிறேன். ஒன்றரைக்குப் பாடசாலை விடுகிறது. வீட்டுக்குப் போய் ஒரு வாய் சோறு சாப்பிட்டுவிட்டு ரியூசனுக்கு ஓடுகிறார்கள். அங்கிருந்து மைதானத்துக்கு வந்து சேர ஐந்தரை ஆகிவிடும். ஆறேகாலுக்குப் பந்து கண்ணுக்குத் தெரியாது. முக்கால் மணி நேரத்தில் எந்த அணியை உருவாக்குவது?

இருட்டிய பிறகு அந்தப் பெடியன்கள் எங்கே போகிறார்கள் என்று யாராவது யோசித்தீர்களா? சந்திக்குப் போகிறார்கள். வாள்வெட்டு, போதைப்பொருள் என்று நீங்கள் பத்திரிகையில் வாசிப்பது எங்களுக்கு அடுத்த ஒழுங்கையில் நடக்கிறது. ஒன்பது மணிவரை மைதானம் வெளிச்சமாக இருந்தால் அந்த நேரம் எங்கள் கையில் இருக்கும்.

இன்னொன்று. மைதானம் யாரிடமும் உன் வீட்டு வருமானம் என்ன என்று கேட்காது. மாதக் கொடுப்பனவு கேட்கும். யாருடைய தகப்பன் குடிக்கிறார், யாருடைய தாய் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார் என்று விசாரித்துப் பட்டியல் போட வேண்டும். அந்தப் பட்டியலில் சங்கக்காரரின் மருமகன் பெயரும் ஏறும். இரண்டு ஆண்டு கழித்து உங்கள் கிளையில் சண்டை வந்து பணம் நின்றால் நடுவழியில் நிற்கப்போவது பிள்ளைதான்.

பேரேடு (லண்டன்):

எங்கள் கிளையின் கணக்கைப் பார்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். தம்பி, கோபுரம் நிற்கும், சரி. யார் எரிப்பது? 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது, 2023 பெப்ரவரியில் அதன்மேல் இன்னும் 66 வீதம். பிறகு குறைத்தார்கள் என்பது உண்மை. மறுபடி கூட்டமாட்டார்கள் என்று யாரும் எழுதித் தரப்போவதில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் தலையில் அந்த மின்பட்டியலைக் கட்டிவிட்டு நாங்கள் திறப்பு விழாவோடு ஒதுங்கிக்கொள்வது சரியில்லை.

அதற்காக மாதக் கொடுப்பனவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கைதூக்கவும் மாட்டேன். இங்கே பதிவுசெய்த அறக்கட்டளையாக இருந்தால் வரி கட்டுபவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துத் தருகிறது. அந்தச் சலுகைக்கு விலை உண்டு. பணம் எங்கே போனது என்று நாங்கள் காட்ட வேண்டும். கொடுத்தவர்களும் கேட்கிறார்கள். பிள்ளைகள் பொருளை வாங்கும் படத்தை மலரில் போட்டால்தான் அடுத்த ஆண்டு விருந்துக்கு மேசை விற்கிறது. இது எனக்கு உவப்பான விடயம் இல்லை, ஆனால் அதுதான் நிலைமை.

ரீச்சர் (வலிகாமம் மேற்கு):

படம் இல்லாமல் பணம் வராது என்று எழுதிய ஐயாவுக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

நான் முன்பு படிப்பித்த ஒரு பாடசாலைக்கு வெளிநாட்டுக் கிளையிலிருந்து புத்தகப் பைகளும் சைக்கிள்களும் வந்தன. காலைக் கூட்டத்தில் பதாகை கட்டி, ஒவ்வொரு பெயராக வாசித்து, தகப்பன் இல்லாத பிள்ளை என்பதையும் ஒலிவாங்கியில் சொல்லி மேடைக்கு அழைத்தார்கள். தரம் 11 மாணவி ஒருத்தி பையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். படம் எடுப்பவர் "கொஞ்சம் கீழே இறக்குங்கள் பிள்ளை" என்றார். அவள் இறக்கினாள். மதியத்துக்குள் அந்தப் படம் பேஸ்புக்கில் வந்துவிட்டது. அந்த வாரம் முழுவதும் அவள் வகுப்புக்கு வரவில்லை. சைக்கிள் வாங்கிய பையன் ஒருவன் செயின் மூடியில் அச்சடித்திருந்த சங்கத்தின் பெயரை பிளேட்டால் சுரண்டி, அந்த இடத்துக்குக் கறுப்பு வர்ணம் பூசிய பிறகுதான் அதில் ஏறி வந்தான். இரண்டு பேருக்கும் உதவி தேவையாகத்தான் இருந்தது. அதைப் பெற்றுக்கொண்ட விதம் அவர்களை அவமதித்தது. உங்கள் மேசை விற்பதற்காக எங்கள் பிள்ளைகள் மேடை ஏற வேண்டும் என்றால் அந்தப் பணமே வேண்டாம் என்று சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களில் ஒருத்தி.

கணக்குக் காட்டப் படம் எதற்கு? வகுப்பாசிரியர், பகுதித்தலைவர், அதிபர் மூவரும் கையெழுத்து வைத்த பற்றுச்சீட்டு போதும். பிள்ளைக்கு இலக்கம் கொடுங்கள், பெயர் பாடசாலையைத் தாண்டக் கூடாது.

இனி வலிகாமத்தான் அண்ணாவுக்கு. நீங்கள் தரம் 10 தொடக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதும்வரை பெரும்பாலான பிள்ளைகளை எப்படியாவது இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். நாங்கள் இழப்பது பரீட்சை முடிந்து பெறுபேறு வருவதற்கு இடைப்பட்ட மாதங்களில். பையன் மேசன் வேலைக்குக் கையாளாகப் போகிறான். நாட்சம்பளம் கையில் வருகிறது. தாய் அரிசிக் கடனை அடைக்கிறாள். பெறுபேறு வரும்போது ஆறு பாடத்தில் சித்தி, கணிதத்தில் நல்ல பெறுபேறு. வீட்டுக்குப் போய்க் கேட்டால் "வருகிறேன் ரீச்சர்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறான். வரமாட்டான் என்று இருவருக்கும் தெரியும். அவன் கொண்டுவரும் காசை நம்பி வீடு நடக்கத் தொடங்கியிருக்கும். உங்கள் பணம் போக வேண்டியது அந்த மாதங்களுக்கும் உயர்தரத்தின் முதலாம் ஆண்டுக்கும்.

அரசின் புலமைப்பரிசில் கொடுப்பனவு தரம் 5 பரீட்சையோடு பிணைந்தது. வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த, வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு அது கிடைக்கும். பத்து வயதில் ஒரு காலைப் பொழுதில் தவறவிட்ட பிள்ளைக்கு அந்தக் கதவு மூடிவிடும். பல்கலைக்கழகம் போனால் மகாபொல உதவித்தொகை இருக்கிறது. போய்ச் சேர வேண்டுமே.

ரியூசன் காசு கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். அந்தப் பணத்தில் வேலை தேடிக்கொண்டிருக்கும் பட்டதாரி ஒருவரைப் பிடித்து, பாடசாலையிலேயே பின்னேரம் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்க வையுங்கள். அப்படிச் செய்தால் பஸ்ஸையும் யோசிக்க வேண்டும். பருவச்சீட்டு அரசின் இ.போ.ச. பஸ்ஸுக்குத்தான் செல்லும். பின்னேர வகுப்பு முடிந்து அந்த பஸ்ஸைத் தவறவிட்டால் தனியார் பஸ்ஸில் காசு கொடுத்துத்தான் போக வேண்டும். தூரத்துப் பிள்ளைகள் மேலதிக வகுப்புக்கு நிற்காததைச் சோம்பல் என்று ஆசிரியர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். பலருக்கு அது திரும்பிப் போகும் பஸ் காசு.

விக்கெட் காப்பாளன் (கொக்குவில்):

ரீச்சர், மேடை விடயத்தில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் நீங்கள் சொன்ன அந்த மேசன் வேலைப் பையனை எனக்கும் தெரியும். பகல் முழுவதும் சீமெந்து குழைத்துவிட்டுப் பின்னேரம் அவன் வருவது மைதானத்துக்குத்தான். பாடசாலையோடு அவனுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே தொடர்பு அது. 19 வயதுப் பிரிவில் விளையாட வேண்டும் என்றால் உயர்தர வகுப்பில் பெயர் இருக்க வேண்டும். அணியில் இடம் வேண்டும் என்பதற்காகவே வகுப்புக்குத் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் வீட்டு வாசலில் கேட்டபோது தலையைக் குனிந்த பையனை நான் வலைப்பயிற்சியில் வைத்துப் பேசிக் கொண்டுவந்திருக்கிறேன். அவன் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு வெளிச்சம் இல்லை என்பதுதான் என் பிரச்சினை.

ரீச்சர் (வலிகாமம் மேற்கு):

தம்பி, பெண்பிள்ளைகளை ஒன்பது மணிவரை மைதானத்தில் விட எந்த வீடு சம்மதிக்கும்? வகுப்பில் பாதிப் பேர் அவர்கள். அவர்களிலும் படிப்பை விடுபவர்கள் இருக்கிறார்கள்.

தீவகத்தான் (பாரிஸ்):

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் ஒரு பாடசாலைக்குள்ளேயே நின்று பேசுகிறீர்கள்.

யாழ் மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் இருக்கின்றன: யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம். வெளிநாட்டுக் கிளை வைத்திருக்கும் பாடசாலைகள் இவற்றில் எங்கே குவிந்திருக்கின்றன என்று பாருங்கள். நான் படித்தது புங்குடுதீவில் ஒரு சின்னப் பாடசாலை. 1990களின் இடப்பெயர்வில் ஊர் காலியானது. திரும்பி வந்தவர்கள் கொஞ்சம். எங்கள் ஆட்கள் பாரிஸிலும் சுவிஸிலும் கனடாவிலும் நிறையப் பேர், ஆனால் கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கொடுக்கும் பணத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பதில்லை. வசதி உள்ள பெற்றோர் பிள்ளையைப் பண்ணைப் பாலம் தாண்டி நகரத்துக்கு அனுப்புகிறார்கள். அனுப்ப முடியாதவர்களின் பிள்ளைகள் மிஞ்சுகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பழைய மாணவர் சங்கமும் இல்லை, மலரும் இல்லை, மின்விளக்கா கொடுப்பனவா என்ற விவாதமும் இல்லை. பணம் உள்ள பாடசாலைக்கே மேலும் பணம் அனுப்புவதற்கு ஏன் உதவி என்று பெயர் வைக்கிறீர்கள்?

வலிகாமத்தான் (ரொறன்ரோ):

கோபம் விளங்குகிறது. ஆனால் ஆட்கள் பணம் கொடுப்பது தாங்கள் இருந்து படித்த வாங்குக்காக. வடமாகாணக் கல்வி நிதி என்று ஒன்றைத் தொடங்கினால் இந்த விருந்துக்கு வரும் முகங்களில் பாதி வராது. நூறு ஆண்டுக்கு முன்பு மலாயாவில் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்தவர்களும் தங்கள் ஊர்க் கோயிலுக்கும் ஊர்ப் பள்ளிக்கும்தான் அனுப்பினார்கள். எங்கள் பாடசாலையே அப்படி வளர்ந்ததுதான்.

தீவகத்தான் (பாரிஸ்):

மலாயாவுக்கு ஆள் போகாத ஊருக்கு அன்று என்ன கிடைத்தது? அந்தக் கேள்வியை நூறு ஆண்டு கழித்து அப்படியே திருப்பிக் கேட்க வைக்கிறீர்கள்.

பேரேடு (லண்டன்):

இடையில் பணம் வைத்திருக்கும் முறை பற்றி ஒரு விடயம். இங்கே சிலர் முழுத் தொகையையும் கொழும்பில் ரூபாயில் நிலையான வைப்பாகப் போட்டு வட்டியில் கொடுப்பனவு நடத்தலாம் என்கிறார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. அதே ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். வைப்பில் கிடந்த ரூபாய் கூடவில்லை, கொப்பியும் சப்பாத்தும் கூடின. பவுணில் வைத்திருந்து தவணைக்கு ஒருமுறை அனுப்புவதே பிள்ளைக்குப் பாதுகாப்பு. உயர்தரம் முடியும்வரைக்கான தொகை கையில் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்ற விதியையும் எழுதிவைத்தால், பணம் நடுவில் நின்றுவிடும் என்ற தம்பியின் பயத்துக்கும் பதில் கிடைக்கும்.

படம் பற்றி: ரீச்சர் எழுதியதை அப்படியே எங்கள் செயற்குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன். மூன்று கையெழுத்துப் பற்றுச்சீட்டு எங்கள் கணக்காய்வுக்குப் போதும். மேசை விற்பதை நாங்கள் வேறு வழியில் பார்த்துக்கொள்கிறோம்.

வலிகாமத்தான் (ரொறன்ரோ):

என் பிரேரணையைத் திருத்தப் போகிறேன். தரம் 10 என்பதை எடுத்துவிட்டு, சாதாரண தரப் பரீட்சை முடிந்த நாளிலிருந்து உயர்தரம் வரை என்று மாற்றுகிறேன். பின்னேர வகுப்பும் பஸ் காசும் சேரும். மேடை, பதாகை, படம் கிடையாது.

விக்கெட் காப்பாளன் (கொக்குவில்):

திருத்தினாலும் என் ஆதரவு விளக்குக்குத்தான். மின்கட்டணக் கேள்வி நியாயமானது. மைதானத்தை மாலையில் மென்பந்துக் கழகங்களுக்கு வாடகைக்கு விட்டு அதை ஈடுசெய்ய முடியுமா என்று அதிபரோடு பேசி, கூட்டத்துக்கு முன்பு எழுத்தில் தருகிறேன். ரீச்சர் கேட்டதற்கும் பதில் வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் நாலு மணி முதல் ஆறு மணிவரை மைதானம் முழுவதையும் பெண்கள் அணிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்பதையும் அதில் சேர்க்கிறேன். ஆண்கள் விளக்கில் விளையாடலாம் என்றால்தான் அந்த நேரத்தை விட்டுக்கொடுப்பார்கள்.

தீவகத்தான் (பாரிஸ்):

சரி, உங்கள் திருத்தத்துக்குள்ளேயே நின்று கேட்கிறேன். எங்கள் பக்கத்துச் சின்னப் பாடசாலைகள் பலவற்றில் சாதாரண தரம் வரைதான் வகுப்பு. அங்கே சித்தியடையும் பிள்ளை உயர்தர விஞ்ஞானம் படிக்க உங்களைப் போன்ற பாடசாலைக்குத்தான் வர வேண்டும். ரீச்சர் சொன்ன அந்த இடைப்பட்ட மாதங்களில் அந்தப் பிள்ளை எங்கள் பாடசாலையை விட்டிருக்கும், உங்கள் பாடசாலையில் இன்னும் சேர்ந்திருக்காது. அதன் பெயரை எந்த வகுப்பாசிரியர் எழுதுவார்?

ரீச்சர் (வலிகாமம் மேற்கு):

சரியான இடத்தில் கேட்டீர்கள். அப்படி வரும் பிள்ளைகள் ஒவ்வொரு ஆண்டும் எங்களிடம் இருக்கிறார்கள். வர வேண்டியிருந்து வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதுதான் எங்கள் பதிவேட்டில் இல்லை. பரீட்சை முடிந்த கையோடு அந்தப் பாடசாலை அதிபர்களிடம் கேட்டால் பெயர் தருவார்கள்.

வலிகாமத்தான் (ரொறன்ரோ):

எங்கள் யாப்பில் "பாடசாலையின் மாணவர்" என்றுதான் இருக்கிறது. சேராத பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்றால் யாப்பைத் திருத்த வேண்டும், அதற்கு மூன்றில் இரண்டு வாக்கு தேவை.

தீவகத்தான் (பாரிஸ்):

அப்படியானால் அந்தத் திருத்தத்தையும் இதே கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எங்கள் அதிபர்களிடம் பெயர்களை வாங்கித் தருவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.